தாக்குதல் ஆட்டத்துக்குத் தக்க ஆசான் யார்?

திருகோணமலைத் துறைமுகத்தின் உட்கரையில் அமைந்த சீனன்குடாவின் பெயரைக் கேட்டதும் பலருக்கும் அங்குள்ள விமானத் தளமும், பிரித்தானியர் கட்டிய பெரிய எண்ணெய்க் குதங்களும், 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் அங்கு விழுந்த யப்பானியக் குண்டுகளுமே நினைவுக்கு வரும். 1957ஆம் ஆண்டில் பிரித்தானியர் கடற்படைத் தளத்தையும் விமானத் தளத்தையும் இலங்கை அரசிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றனர். ஆனால் அவர்தம் படைகளோடு இத்தீவுக்கு வந்த உதைபந்தாட்டம் அவர்களோடு திரும்பிச் செல்லவில்லை. அது நம் சிறுவரின் சொந்த ஆட்டமாகி, மணல்வெளிகளிலும் பாடசாலைத் திடல்களிலும் நிலைத்துவிட்டது.

ஆட விரும்புவோர் நம்மிடையே பலர் உள்ளனர். ஆட்டத்தைக் கற்பிக்க முன்வருவோரும் உள்ளனர். அவ்வாறு முன்வருவோருள் தக்கவரைத் தேர்ந்தெடுக்கும் முறை நம்மிடம் உண்டா என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள். அதிலும் குறிப்பாக, கோல் அடிக்கக் கற்பிக்கும் ஆசானை, அதாவது தாக்குதல் ஆட்டத்தின் பயிற்றுநரை, எவ்வாறு மதிப்பிடுவது என்பதை வரலாற்றின் துணைகொண்டு காண்போம்.

காத்தலையும் தாக்குதலையும் கற்பிப்பதில் ஒரு வேறுபாடு உண்டு. எதிரி வரும் வழியை அடைப்பதற்கு ஒழுங்கும் உழைப்பும் பெரும்பாலும் போதும். இல்லாத வழியை உண்டாக்குவதற்கோ கற்பனையும், தோழன் எங்கே ஓடுவான் என்று முன்கூட்டியே அறியும் உணர்வும் வேண்டும். அமெரிக்க நாட்டில் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஆடும் அவர்களது ஆட்டத்தில், தாக்குதலுக்கென்றே தனிப் பயிற்றுநர் ஒருவரை தொழில்முறை அணிகள் பொதுவாக அமர்த்துகின்றன. அப்பதவி வெற்றிடமானால் பலரை அழைத்து நெடுநேரம் வினவிய பின்னரே ஒருவரைத் தெரிவு செய்கின்றனர். நம் உதைபந்தாட்டத்தில் அவ்வேலை பெரும்பாலும் தலைமைப் பயிற்றுநரின் தோளிலேயே ஏறிவிடுகின்றது. ஆதலால் அவரைத் தெரிவு செய்வோரின் பொறுப்பும் இரட்டிப்பாகின்றது.

தெரிவு என்னும் இக்கலையின் அருமையை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். வள்ளுவர் ‘தெரிந்துதெளிதல்’ என்று ஓர் அதிகாரமும், அதனை அடுத்து ‘தெரிந்துவினையாடல்’ என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார். ஆராய்ந்து தேர்வது ஒன்று. தேர்ந்தபின் தக்க வேலையை அவரிடம் ஒப்படைப்பது மற்றொன்று. இவ்விரண்டும் வெவ்வேறு என்று அவர் கண்டதற்குச் சான்றாக, நம் அண்டை நாடாகிய இந்தியாவின் உதைபந்தாட்ட வரலாற்றில் ஒரு வாழ்க்கை விளங்குகின்றது.

அவ்வாழ்க்கைக்கு உரியவர் சையத் அப்துல் ரஹீம். 1909ஆம் ஆண்டில் ஹைதராபாத்தில் பிறந்தவர். தொழிலால் அவர் பாடசாலை ஆசிரியர். 1943ஆம் ஆண்டில் ஹைதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளரானார். 1950ஆம் ஆண்டு முதல் அந்நகரப் பொலிஸ் அணியைப் பயிற்றினார். அவ்வணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. இந்திய அணியின் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1951ஆம் ஆண்டு புதுடில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவின் இறுதி ஆட்டத்தில், மேவாலால் அடித்த ஒரே கோலினால் ஈரானை வென்று இந்தியா தங்கம் பெற்றது.

மறு ஆண்டே சோதனை வந்தது. 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா 10 கோல்கள் அடித்தது. இந்தியா ஒன்றே அடித்தது. குளிர் மிகுந்த அந்நாட்டில் இந்திய வீரர் பலர் வெறுங்காலோடு ஆடினர். பழைய அணிவகுப்பு ஐரோப்பியரின் வேகத்தின்முன் நிற்கவில்லை. நேயர்களே, அன்று ஒரு தெரிவுக் குழு கூடி, இந்த ஓர் ஆட்டத்தின் கணக்கை மட்டும் மேசைமீது வைத்து ரஹீமை மதிப்பிட்டிருந்தால் முடிவு எதுவாக இருந்திருக்கும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் அத்தோல்விக்குப் பின் அவர் செய்ததே நாம் நோக்கவேண்டியது. அவர் மாணவராக மாறினார். 1953ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஹங்கேரி அணி இலண்டன் வெம்பிளித் திடலில் இங்கிலாந்தை 6க்கு 3 என்று வென்றது. அன்று ஹங்கேரியின் நடு முன்னணி வீரர் ஹிடெகுட்டி எதிரியின் கோல் முகப்பில் நில்லாமல், பின்வாங்கி நின்று பந்தைப் பெற்று, ஏனையோருக்கு வழி திறந்துவிட்டார். அவரைத் தொடர்ந்து வெளியே வருவதா, இருந்த இடத்திலேயே நிற்பதா என்று அறியாமல் இங்கிலாந்தின் பின்காவலர் திகைத்தனர். உலகமே வியந்த அப்புதுமையை ரஹீம் கற்று, தம் வீரரின் உடல்வாகுக்கும் இயல்புக்கும் ஏற்ப அமைத்துக்கொண்டார்.

அதன் பயன் 1956ஆம் ஆண்டு மெல்பேண் ஒலிம்பிக்கில் தெரிந்தது. விழாவை நடத்திய அவுஸ்திரேலியாவையே இந்தியா 4க்கு 2 என்று வென்றது. நெவில் டி சூசா மூன்று கோல்களை அடித்தார். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் ஓர் ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் அவரே. அரையிறுதியில் மீண்டும் அதே யூகோஸ்லாவியா எதிர்ப்பட்டது. இம்முறை முதற்கோலை அடித்தது இந்தியா. இறுதியில் 4க்கு 1 என்று தோற்றது மெய்தான். எனினும் நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்துக் கோல் வாங்கிய அணி, அதே எதிரியை ஒருமுறை பின்தங்கச் செய்தது. அவ்விழாவில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. வெற்றி தோல்விப் பட்டியலை மட்டும் பார்ப்போர் இரண்டு ஆட்டங்களையும் ‘தோல்வி’ என்ற ஒரே சொல்லால் எழுதிவிடுவர். ஆசானை மதிப்பிட வந்தோர் அவ்விரு தோல்விகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து பார்க்கவேண்டும்.

ரஹீம் எவ்வாறு கற்பித்தார் என்பதும் அறியத்தக்கது. பந்தைத் தாமே வைத்துக்கொண்டு பலரை ஏமாற்றி ஓடுவதில் நம் வீரர் பெருமை காண்பர். அப்பழக்கத்தை மாற்ற, அவ்வாறு ஓடுதலையே தடைசெய்த போட்டிகளை அவர் நடத்தினார். பந்து வந்தவுடன் தோழனுக்கு வழங்கியே ஆகவேண்டும். வலக்காலையே நம்பியிருப்போர் இடக்காலால் மட்டும் ஆடவேண்டிய போட்டிகளையும் ஏற்படுத்தினார். நீண்ட விரிவுரையால் நுழையாத பாடம் ஒரு விதியால் நுழைந்துவிட்டது. இது பாடசாலை ஆசிரியரின் உத்தி என்பதை இத்தொழிலில் உள்ள என் போன்றோர் உடனே கண்டுகொள்வர்.

ஆளைத் தேடுவதிலும் அவர் சோர்வுற்றவர் அல்லர். செகந்திராபாத் அருகே தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்த துளசிதாஸ் பலராம் என்னும் இளைஞரின் திறனைக் கண்டு, பயிற்சிக்கு வந்துபோகச் சைக்கிள் வாடகைக்கும் பணம் கொடுத்து வளர்த்தெடுத்தார். பி. கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி ஆகியோரோடு பலராமும் சேர்ந்து அமைந்த முன்னணியை இந்தியா இன்றும் நினைவுகூர்கின்றது.

1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவே ரஹீமின் கடைசிப் பரீட்சை. அதற்குள் புற்றுநோய் அவரைப் பற்றியிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2க்கு 0 என்று இந்தியா தோற்றது. தாய்லாந்தோடு ஆடியபோது பின்காவலர் ஜர்னயில் சிங் தலையில் காயமுற்றுத் தையல் இடப்பட்டார். அவரை ஓய்ந்திருக்கச் செய்வதே எவருக்கும் தோன்றும் வழி. ரஹீமோ அவரை அரையிறுதியில் நடு முன்னணி வீரராக நிறுத்தினார். தென்வியட்நாமுக்கு எதிரான அவ்வாட்டத்திலும் ஜர்னயில் கோல் அடித்தார். செப்டம்பர் 4ஆம் நாள் நடந்த இறுதி ஆட்டத்திலும் அடித்தார். இஸ்ரேலையும் தாய்வானையும் அவ்விழாவுக்கு அழைக்காமை குறித்து இந்திய அதிகாரி ஒருவர் ஆட்சேபம் தெரிவித்திருந்தமையால், அரங்கு நிறைந்த கூட்டம் இந்தியாவுக்கு எதிராக ஆர்ப்பரித்தது. அவ்வாரவாரத்தின் நடுவே, முன்பு தம்மை வென்ற தென்கொரியாவை 2க்கு 1 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றது. அன்று கோலைக் காத்தவர் தமிழராகிய பீற்றர் தங்கராஜ். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் ரஹீம் காலமானார்.

இவ்வரலாற்றை இன்றைய நிலையோடு ஒப்பிடுதல் பயன் தரும். 2019ஆம் ஆண்டில் இந்திய அணிக்குப் பயிற்றுநரைத் தேடியபோது தொழில்நுட்பக் குழு நால்வரை வினவியது. 1998ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் மூன்றாம் இடம் பெற்ற குரோஷிய அணியின் வீரர் இகோர் ஸ்டிமாச் தெரிவானார். அவர் காலத்தில் 2021இலும் 2023இலும் இந்தியா தெற்காசியக் கிண்ணத்தை வென்றது. ஆயினும் 2024ஆம் ஆண்டு தொடக்கத்தில் கட்டாரில் நடந்த ஆசியக் கிண்ணத்தில் மூன்று ஆட்டங்களிலும் தோற்றதோடு, ஒரு கோலும் அடிக்கவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதம் அவர் நீக்கப்பட்டார். 2025ஆம் ஆண்டில் அதே பதவிக்கு 170 விண்ணப்பங்கள் வந்தன. இறுதிப் பட்டியலில் நின்ற மூவருள், ஐஸ்வால் என்னும் சிறு கழகத்தை 2017ஆம் ஆண்டில் தேசிய லீக் வெற்றிக்கு இட்டுச்சென்ற காலித் ஜமீல் தெரிவானார். எனினும் 2027ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணத்துக்கு இந்தியா தகுதி பெறவில்லை.

இவர்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. தேசிய அணியின் பயிற்றுநர் புதிய முன்னணி வீரரை உண்டாக்குபவர் அல்லர், உள்ளவரை ஒழுங்குபடுத்துபவரே. இந்தியாவின் பெருங்கழகங்கள் பலவும் கோல் அடிக்கும் இடத்துக்குப் பெரும்பாலும் வெளிநாட்டு வீரரையே நம்பிவந்தன. பயிரிடாத வயலில் அறுவடைக்கு ஆள் தேடி 170 விண்ணப்பங்களைப் புரட்டுவதால் என்ன பயன்? ரஹீமின் முன்னணி வரிசை ஜகார்த்தாவுக்குப் புறப்பட்ட நாளில் உருவானதன்று. அதன் வேர், அவர் ஹைதராபாத்தில் சிறுவருக்கென நடத்திய போட்டிகளில் இருந்தது.

ஆகவே தெரிவுக் குழுக்களில் அமர்வோர் சில வினாக்களைத் தம் கையில் வைத்திருத்தல் நன்று. விண்ணப்பதாரர் எத்தனை கிண்ணங்களை வென்றார் என்பதோடு, எத்தகைய வீரரைக் கொண்டு வென்றார் என்றும் கேட்கவேண்டும். அவரது மிகப்பெரிய தோல்வி எது, அதன்பின் தம் முறையில் எதை மாற்றினார் என்று கேட்கவேண்டும். ஒரு வீரரை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு மாற்றி வெற்றி கண்டதுண்டா, அதற்கு அவர் கண்ட காரணம் யாது என்று கேட்கவேண்டும். அவரிடம் பயின்றோர் அவரை விட்டு நீங்கிய பின்னும் நன்கு ஆடுகின்றனரா என்று விசாரிக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நாள் மாலை அவரைத் திடலுக்கு அழைத்து, இருபது சிறுவரை அவரிடம் ஒப்படைத்துப் பார்க்கவேண்டும். நேர்முகப் பரீட்சையில் நாவன்மை வெளிப்படும். திடலிலேதான் ஆசான் வெளிப்படுவார்.

இவ்வினாக்கள் தலைநகரங்களில் கூடும் குழுக்களுக்கு மட்டும் உரியவை அல்ல. நம் பாடசாலைகளிலும் ஊர்க் கழகங்களிலும் பயிற்றுநரைத் தெரிவு செய்யும்போது நடப்பது யாது? ஒருகாலத்தில் பேர்பெற்று ஆடியவர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை அழைக்கின்றோம். அல்லது சான்றிதழைக் கண்டு மயங்குகின்றோம். அல்லது வேறு வேலை இல்லாத ஆசிரியரின் தலையில் அப்பொறுப்பைக் கட்டிவிடுகின்றோம். பின்னர் ஒரு போட்டியில் தோற்றவுடன் அவரை மாற்றுகின்றோம். இதில் நட்டம் அடைபவன் பதின்மூன்று வயதுச் சிறுவன். இடக்காலைப் பயன்படுத்தவும், தலையை நிமிர்த்தித் தோழனைக் காணவும் அவன் கற்கவேண்டிய ஆண்டுகள் மீண்டும் வாரா. இருபது வயதுக்குப் பின் உலகின் தலைசிறந்த பயிற்றுநர் வந்தாலும் அக்குறை முற்றும் தீர்வது அரிது.

நேயர்களே, தேசிய அணியின் பயிற்றுநரைத் தெரிவு செய்யும் உரிமை நம்மிடம் இல்லை. ஆனால் சீனன்குடாவிலும், மூதூரிலும், கிண்ணியாவிலும் பந்தைத் துரத்தும் சிறுவருக்கு முதல் ஆசானைத் தெரிவு செய்யும் பொறுப்பு நம்முடையது. ஆராய்ந்து தேர்வோம். தேர்ந்தபின், ஒரு தோல்விக்கு அஞ்சி அவரைக் கைவிடாது, அவர் கற்றுக்கொள்ளவும் கற்பிக்கவும் காலம் கொடுப்போம். பத்துக் கோல்களில் தோற்ற அணியின் ஆசிரியருக்கு அக்காலம் கிடைத்தமையாலேயே, பத்து ஆண்டுகளின் பின் ஜகார்த்தாவில் ஒரு தங்கப் பதக்கம் கிடைத்தது.