முகம் காட்டாத நாயனம்

1968 ஆம் ஆண்டு வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாகசுரம் கேட்டு உருகாதார் நம் திருமங்கலம் வட்டாரத்தில் அரியர். அந்நாதம் சிவாஜி கணேசனுடையதன்று. இங்கிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரையின் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. ஊரெல்லாம் கேட்ட அவ்வாசிப்பைத் திரையில் நிகழ்த்திக் காட்டியவை வேறு முகங்கள்.

தொடக்கத்தில் நிலைமை இவ்வாறு இருந்ததில்லை. பேசும்படம் பிறந்த நாளில் பாடுபவரே நடித்தாக வேண்டும். குரலையும் முகத்தையும் பிரிக்கும் வித்தை அன்று வழக்கத்தில் இல்லை. ஆகவே சங்கீத வித்துவான்களைத் தேடிப் படமுதலாளிகள் சென்றனர். முசிறி சுப்பிரமணிய ஐயர் 1938 இல் துக்காராம் ஆனார். மதுரை தந்த எம்.எஸ். சுப்புலட்சுமியும் ஜி.என். பாலசுப்பிரமணியமும் 1940 இல் 'சகுந்தலை'யில் இணைந்து நடித்தனர். மறு ஆண்டே சுப்புலட்சுமி 'சாவித்திரி'யில் நாரதராக ஆண்வேடம் பூண்டார்.

நாகசுரச் சக்கரவர்த்தி டி.என். இராஜரத்தினம் பிள்ளையும் 1940 இல் திரைக்கு வந்தார். ஆனால் நாகசுரக் கலைஞராக அன்று, கவி காளமேகமாக! எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய படம் அது. வாய்ப்பாட்டு வித்துவான்களுக்குரிய மதிப்பு நாயனக்காரருக்கும் வேண்டும், மேடையில் அமர்ந்து வாசிக்க வேண்டும் என்று வாதாடி வென்றவர் அவர். தம் முகமும் தம் கலையும் ஒருங்கே மதிக்கப்பட வேண்டுமென்ற அந்தப் பிடிவாதத்தை நினைக்குங்கால், பின்னர் நேர்ந்தது சற்றே உறுத்துகிறது.

பின்னணி இசை நிலைபெற்றதும் நாதம் ஒருவருடையது, உருவம் வேறொருவருடையது என்றாயிற்று. 1962 இல் 'கொஞ்சும் சலங்கை'யில் இராஜரத்தினத்தின் மாணாக்கர் காருகுறிச்சி அருணாசலத்தின் வாசிப்பு எஸ். ஜானகியின் குரலோடு போட்டியிட்டது. திரையில் நாயனம் ஏந்தியவர் ஜெமினி கணேசன். ஆறாண்டு கழித்துக் கொத்தமங்கலம் சுப்புவின் தொடர்கதையை ஏ.பி. நாகராஜன் படமாக்கினார். சகோதரர்களின் வாசிப்பை உற்று நோக்கிப் பயின்ற சிவாஜியின் கன்னப் புடைப்பும் விரலசைவும் கைதேர்ந்தவர்களையே மயக்கின. நாகேஷின் வைத்தியும், மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணியும், தவிலோடு வந்த டி.எஸ். பாலையாவும் நகைச்சுவையால் படத்தை நிறைத்தனர். அச்சிரிப்பில்லையேல் 'நகுமோமு' போன்ற கீர்த்தனையை இத்துணைப் பேர் பொறுமையாகக் கேட்டிருப்பரோ என்பது ஐயமே. அந்த வகையில் படம் நாகசுரத்திற்குச் செய்தது பெருந்தொண்டு. அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை.

ஆயினும் அதே 1968 இல் அமெரிக்காவில் வெளியான ஒரு படத்தை எண்ணிப் பார்க்கிறேன். முந்தைய ஆண்டு கலிபோர்னியாவில் நடந்த இசைவிழாவை டி.ஏ. பென்னிபேக்கர் 'மான்ட்டரே பாப்' என்னும் ஆவணப்படமாக்கினார். அதன் முடிவுப் பகுதி நெடுகிலும் ரவிசங்கரின் சிதாரும் அல்லா ரக்காவின் தபலாவுமே. விரல், வியர்வை, இருவர் கண்களும் சந்திக்கும் கணம், கேட்போர் முகம் என ஒன்றும் தப்பவில்லை. நகைச்சுவைப் படத்திலும் அங்கே இசைஞர் தாமாகவே வந்ததுண்டு: பீட்டில்ஸ் நால்வர் 1964 இலேயே தம்மைத் தாமே நையாண்டி செய்து நடித்தனர்.

நம்மிடையே அத்தகைய பதிவு அரிதாகவே வாய்த்தது. 1976 இல் சத்தியஜித் ராய் எடுத்த 'பாலா'வில், தஞ்சை மரபின் பாலசரஸ்வதி கடற்கரைக் காற்றில் சேலை படபடக்க ஆடுகிறார். காற்றோடு போராடும் அம்முந்தானையும் அக்கலையின் பகுதியாகிவிடுகிறது. நடிகை எவரும் அதைத் திருப்பிச் செய்துவிட முடியாது. மதுரைச் சகோதரர் இருவரும் ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் ஏந்தும் அழகை, சீவாளியை உதட்டில் பொருத்தும் பாங்கை, அவ்வண்ணம் ஒரு காமிரா நாள் முழுவதும் அருகிருந்து பார்த்திருக்கலாகாதா?

சிறுவயதில் எங்கள் உறவினர் திருமணத்தில் நாயனக்காரர் 'நலந்தானா' வாசித்தார். "சிவாஜி மாதிரியே வாசிக்கிறீங்களே!" என்று பெரியவர் ஒருவர் வியந்து பாராட்டினார். நாயனக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சீவாளியை நனைத்துச் சரிசெய்து, அடுத்த உருப்படியைத் தொடங்கினார்.