ஜிபிஎஸ் வாகனக் கண்காணிப்பு: அமெரிக்காவில் போலீசும் வாரண்டும் அந்தரங்க உரிமையும்

ஒருவருடைய வண்டியின் அடியில் அவருக்குத் தெரியாமல் ஜிபிஎஸ் கருவியை ஒட்டிவைத்து, வண்டி போகுமிடமெல்லாம் பதிவு செய்வது அமெரிக்கப் போலீசார் கையாளும் கண்காணிப்பு முறைகளுள் ஒன்று. அதற்கு முன்கூட்டியே நீதிபதியிடம் வாரண்ட் வாங்க வேண்டுமா என்பதில் அந்நாட்டு நீதிமன்றங்கள் பல ஆண்டுகள் ஆளுக்கொரு பக்கம் நின்றன. 2012 ஜனவரி 23 அன்று, ஐக்கிய அமெரிக்கா எதிர் ஜோன்ஸ் வழக்கில், உச்ச நீதிமன்றம் இதற்கு ஒருவாறு விடை சொன்னது. ஒருவாறுதான். முடிவில் ஒன்பது நீதிபதிகளும் ஒன்றுபட்டார்கள், காரணத்தில் பிரிந்தார்கள். அந்தப் பிரிவு இன்னும் முழுதாகத் தீரவில்லை.

வாரண்ட் என்றால் தமிழ் வாசகருக்குச் செய்தித்தாளில் வரும் பிடிவாரண்ட்தான் முதலில் நினைவுக்கு வரும். இங்கே பேசப்படுவது சோதனை வாரண்ட். போலீஸ் அதிகாரி சத்தியப் பிரமாணம் செய்து, தகுந்த காரணம் காட்டி, எதை, எங்கே சோதிக்கப் போகிறோம் என்று குறிப்பிட்டு, வழக்கில் சம்பந்தமில்லாத ஒரு நீதிபதியிடம் பெறும் ஆணை அது. அமெரிக்க அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம் (1791), மக்களின் உடல், வீடு, காகிதங்கள், உடைமைகள் ஆகியவற்றை நியாயமற்ற சோதனையிலிருந்து காக்கிறது. அதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1762இல் ஜான் என்டிக் என்ற எழுத்தாளரின் வீட்டுக்குள் அரசின் ஆட்கள் புகுந்து, பெட்டிகளை உடைத்து, காகிதங்களை அள்ளிச் சென்றார்கள். 1765இல் அந்த வழக்கில் தீர்ப்பளித்த கேம்டன் பிரபு, அனுமதியின்றி அடுத்தவர் மண்ணில் கால் வைப்பதே அத்துமீறல் என்றார். எதையும் சேதப்படுத்தியிருக்க வேண்டியதில்லை, கால் பட்டதே போதும் என்பது அவர் கணக்கு. 247 ஆண்டுகள் கழித்து ஒரு ஜீப்பின் அடிப்பாகத்தைப் பற்றிய வழக்கில் இந்தத் தீர்ப்பே மேற்கோளாக வந்தது.

இடையில் சட்டம் வேறு பாதையில் போய்வந்தது. 1928இல் ஓல்ம்ஸ்டெட் வழக்கில், தெருவில் ஓடிய தொலைபேசிக் கம்பியில் ஒட்டுக்கேட்டது சோதனை ஆகாது, ஏனென்றால் போலீசார் யார் வீட்டுக்குள்ளும் நுழையவில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1967இல் கேட்ஸ் வழக்கு அதைத் தலைகீழாக்கியது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பொதுத் தொலைபேசிக் கூண்டிலிருந்து பந்தயச் செய்தி சொன்ன ஒருவரின் பேச்சை, கூண்டின் வெளிப்புறத்தில் கருவி வைத்து எஃப்பிஐ பதிவு செய்தது. யாரும் கூண்டுக்குள் போகவில்லை. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு பேசுபவர் தன் பேச்சு வெளியே போகாது என்று எதிர்பார்க்கிறார். சமூகமும் அந்த எதிர்பார்ப்பை நியாயம் என்று ஏற்கிறது. ஆகவே அது சோதனைதான் என்றது நீதிமன்றம். மண்ணையும் சுவரையும் விட்டு மனிதரின் எதிர்பார்ப்புக்குச் சட்டம் இடம் மாறியது.

வண்டிகளைப் பின்தொடர்வதில் ஜிபிஎஸ்ஸுக்கு முன்னோடி பீப்பர். ரேடியோ அலையை விட்டுவிட்டு அனுப்பும் சிறு கருவி அது. போதைப்பொருள் தயாரிக்க வாங்கப்படுகிறது என்று சந்தேகித்து, மினசோட்டா போலீசார் ஒரு குளோரோஃபார்ம் டிரம்முக்குள் விற்பனையாளரின் சம்மதத்துடன் பீப்பர் வைத்தார்கள். டிரம் காரில் ஏறியது. ஓட்டியவர் சந்தேகப்பட்டுப் போக்குக் காட்டவே போலீசார் வண்டியைத் தவறவிட்டார்கள். பீப்பர் ஒலியும் அறுந்தது. சுமார் ஒரு மணி நேரம் கழித்து ஹெலிகாப்டர் ஒன்று அந்த ஒலியை மீண்டும் பிடித்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் ஷெல் ஏரியருகே ஒரு மரவீட்டுக்கு வெளியே டிரம் நின்றிருந்தது. 1983இல் நாட்ஸ் வழக்கு என்ற பெயரில் இது உச்ச நீதிமன்றம் வந்தபோது, பொதுச் சாலையில் போகிறவர் தன் போக்குவரத்தை மறைத்துவைக்கும் எதிர்பார்ப்போடு போகவில்லை, எந்த வழிப்போக்கரும் பார்த்திருக்க முடியும் என்று நீதிபதி ரென்குவிஸ்ட் எழுதினார். ஒரு குடிமகனை 24 மணி நேரமும் இப்படிக் கண்காணிக்கும் நாள் வந்தால் அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வரியும் சேர்த்தார். அடுத்த ஆண்டே காரோ வழக்கில், பீப்பர் வீட்டுக்குள் போய்விட்டால் அங்கே அதைக் கேட்பதற்கு வாரண்ட் வேண்டும் என்று நீதிமன்றம் வரம்பு கட்டியது.

பீப்பருக்குப் பின்னால் ஆள் வேண்டும். ஒலி எட்டும் தூரத்தில் ஒரு போலீஸ் வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பெட்ரோலும் தூக்கமும் செலவாகும். ஜிபிஎஸ்ஸுக்கு அது எதுவும் வேண்டாம். செயற்கைக்கோள் மேலிருந்து காரைப் பார்ப்பதாகப் பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. செயற்கைக்கோள் நேரத்தையும் தன் இருப்பிடத்தையும் மட்டும் ஒலிபரப்புகிறது. காரடியில் இருக்கும் கருவி பல செயற்கைக்கோள்களின் ஒலிபரப்பைக் கேட்டுத் தன் இடத்தைத் தானே கணக்கிட்டு, செல்போன் வலையமைப்பு வழியாக அனுப்புகிறது, அல்லது நினைவகத்தில் சேர்த்துவைக்கிறது. ராணுவத்துக்காக அமைக்கப்பட்ட இந்த ஏற்பாடு 1995இல் முழு அளவில் இயங்கத் தொடங்கியது. பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை 2000 மே மாதம் கிளிண்டன் அரசு நீக்கிய பிறகு, தெருவைச் சரியாகக் காட்டும் மலிவான கருவிகள் சந்தைக்கு வந்தன. போலீஸ் கைக்கும் வந்தன.

மாநில நீதிமன்றங்கள்தான் முதலில் விழித்துக்கொண்டன. 2003இல் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம், தன் மாநில அரசியல் சட்டப்படி வாரண்ட் கட்டாயம் என்றது. கூட்டாட்சி நீதிமன்றங்களின் போக்கு வேறாக இருந்தது. 2007இல் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் ரிச்சர்ட் போஸ்னர், கண்ணால் பின்தொடர்வதற்கு மாற்றாகவே இக்கருவி வருகிறது, ஆகவே இது சோதனை அல்ல என்றார். ஆயிரக்கணக்கான வண்டிகளில் கண்மூடித்தனமாகப் பொருத்தினால் கதை வேறு என்றும் எச்சரித்தார். 2009இல் நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் எதிர்ப்பக்கம் போனது. அங்கே ஒரு வேனின் பம்பருக்கு அடியில் போலீசார் வைத்த கருவி 65 நாள் இருந்தது. தலைமை நீதிபதி ஜொனாதன் லிப்மன், இப்படிப்பட்ட பதிவு எதையெல்லாம் காட்டிக்கொடுக்கும் என்று பட்டியல் போட்டார்: மனநல மருத்துவரிடம் போனது, கருக்கலைப்பு மருத்துவமனைக்குப் போனது, வக்கீலைப் பார்த்தது, மணிக்கணக்கில் அறை தரும் விடுதி, தொழிற்சங்கக் கூட்டம், மசூதி, தேவாலயம். சட்டக் கோட்பாடு எதுவும் படியாதவருக்கும் அந்தப் பட்டியல் புரியும்.

2010இல் ஒன்பதாவது வட்டாரத்தில் வந்த ஒரேகான் வழக்கில், விடியற்காலை 4 மணிக்கும் 5 மணிக்கும் நடுவில் அதிகாரிகள், ஒருவரின் வீட்டு முகப்பில் நின்ற ஜீப்பில் கருவியை ஒட்டியிருந்தார்கள். வாயிற்கதவோ வேலியோ இல்லாத முகப்பு, தபால்காரரும் வரக்கூடிய இடம், எனவே குற்றமில்லை என்றது அமர்வு. மறுவிசாரணை மறுக்கப்பட்டபோது நீதிபதி அலெக்ஸ் கோசின்ஸ்கி கடுமையான மாறுபட்ட கருத்து எழுதினார். மின்சாரக் கேட்டும் காவலாளியும் வைக்க வசதியுள்ளவருக்கு மட்டும் அந்தரங்கம், தெருவோரம் வண்டி நிறுத்தும் ஏழைக்கு இல்லையா என்பது அவர் கேள்வி. இந்த வரலாற்றில் பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய நீதிபதிகள் குறைவு.

அதே ஆண்டு கலிபோர்னியாவில் ஒரு கல்லூரி மாணவர் ஆயில் மாற்றக் காரை மெக்கானிக்கிடம் விட்டார். வண்டியைத் தூக்கியபோது பின்பக்கம் ஒரு வயர் தொங்கியது. இழுத்துப் பார்த்தால் காந்தத்தோடு ஒரு கறுப்புக் கருவி. அவருடைய நண்பர் அதைப் படமெடுத்து இணையத்தில் போட்டார். சில நாளில் எஃப்பிஐ ஆட்கள் வீட்டுக்கே வந்து, அது எங்கள் சாமான், திருப்பிக் கொடு என்றார்கள்.

ஜோன்ஸ் வழக்கில் உண்மையில் வாரண்ட் இருந்தது. அதுதான் இதன் விசித்திரம். தலைநகர் வாஷிங்டனில் இரவு விடுதி நடத்திவந்த ஜோன்ஸ் கொக்கெய்ன் கடத்துகிறார் என்று சந்தேகித்த போலீசாரும் எஃப்பிஐயும், அவர் மனைவி பெயரில் இருந்த ஜீப்புக்கு வாரண்ட் வாங்கினார்கள். பத்து நாளுக்குள், தலைநகர்ப் பகுதிக்குள் பொருத்த வேண்டும் என்பது நிபந்தனை. அவர்கள் பதினோராம் நாள், மேரிலாந்தில் ஒரு பொது வாகன நிறுத்தத்தில் பொருத்தினார்கள். நாளும் தப்பு, இடமும் தப்பு. 28 நாள் கருவி இருந்தது. நடுவில் ஒருமுறை பேட்டரியும் மாற்றினார்கள். 2,000 பக்கங்களுக்கு மேல் தரவு சேர்ந்தது. அந்தத் தடத்தோடு இணைத்துக் காட்டப்பட்ட ஒரு வீட்டில் 8,50,000 டாலர் ரொக்கமும் 97 கிலோ கொக்கெய்னும் பிடிபட்டன. ஜோன்ஸுக்கு ஆயுள் தண்டனை. விசாரணை நீதிமன்றம் நீக்கியதெல்லாம், ஜீப் அவர் வீட்டை ஒட்டிய கராஜில் நின்ற நேரத்துப் பதிவை மட்டும்தான்.

மேல்முறையீட்டில் அரசு, வாரண்டை மீறினோம், ஆனால் வாரண்டே தேவையில்லை என்று வாதிட்டது. 2010இல் நீதிபதி டக்ளஸ் கின்ஸ்பர்க் அதை ஏற்கவில்லை. ஒரு பயணத்தை யாரும் பார்க்கலாம். ஒரு மாதப் பயணங்கள் முழுவதையும் எந்த வழிப்போக்கரும் பார்ப்பதில்லை என்றார். தனித்தனிப் புள்ளிகளைப் பார்த்தால் ஒன்றுமில்லை, இழையிட்டுப் பார்த்தால்தான் கோலம் தெரியும் என்பது போன்ற வாதம் இது.

2011 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றத்தில் வாதம் நடந்தபோது தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அரசு வழக்கறிஞரிடம், எங்கள் ஒன்பது பேர் கார்களிலும் இப்படிக் கருவி வைத்து ஒரு மாதம் பின்தொடரலாமா, அதுவும் சோதனை ஆகாதா என்று கேட்டார். அரசின் வாதப்படி ஆகாது என்பதே பதில். வழக்கு அப்போதே தோற்றுவிட்டது என்று சொன்னால் மிகையில்லை.

தீர்ப்பை எழுதிய அன்டோனின் ஸ்காலியா 1765க்குத் திரும்பினார். கார் ஓர் உடைமை, தகவல் திரட்டும் நோக்கத்தோடு அரசு அதைத் தொட்டது, ஆகவே சோதனை. சாமுவேல் அலிட்டோவும் அவரோடு சேர்ந்த மூவரும் இதை ஏற்கவில்லை. துளி எடையுள்ள கருவியை ஒட்டியது பெரிதா, நான்கு வாரம் பின்தொடர்ந்தது பெரிதா என்று கேட்டார்கள். கணினிக்கு முந்தைய காலத்தில் அந்தரங்கத்தைக் காத்தது சட்டமல்ல, செலவு என்பது அலிட்டோவின் கூர்மையான கவனிப்பு. ஒருவரை மாதக்கணக்கில் பின்தொடர ஆட்களும் வண்டிகளும் வேண்டியிருந்ததாலேயே போலீசார் அபூர்வமாகச் செய்தார்கள். சோனியா சோட்டோமேயர் ஸ்காலியாவோடு வாக்களித்தாலும், அலிட்டோவின் கவலை சரி என்று தனியே எழுதினார். என் கணிப்பில், ஸ்காலியா எடுத்தது கொல்லைப்புறக் கதவு. தொடாமலே பின்தொடரும் காலம் வாசலில் நிற்கும்போது தொடுதலை வைத்துத் தீர்ப்பு சொன்னார். வாரண்ட் கட்டாயமா என்பதையும் தீர்ப்பு நேராகச் சொல்லவில்லை. வாரண்ட் இல்லாவிட்டாலும் இந்தச் சோதனை நியாயமானதே என்ற வாதத்தை அரசு கீழ் நீதிமன்றத்தில் எழுப்பாததால், நீதிமன்றம் அதைத் தொடாமல் விட்டது.

ஆனாலும் விளைவு உடனே தெரிந்தது. தீர்ப்புக்குப் பின் சுமார் 3,000 கருவிகளை நிறுத்திவிட்டதாக எஃப்பிஐயின் தலைமைச் சட்ட அதிகாரி ஒரு கருத்தரங்கில் சொன்னார். 2013இல் மூன்றாவது வட்டார நீதிமன்றம் வாரண்ட் வேண்டும் என்றது; அடுத்த ஆண்டு அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு, போலீசார் பழைய தீர்ப்புகளை நம்பி நல்லெண்ணத்தில் செய்தார்கள் என்று ஆதாரத்தை அனுமதித்துவிட்டது. ஜோன்ஸ் மீதான மறுவிசாரணையில் அரசு ஜிபிஎஸ்ஸை விட்டு, அவர் செல்போன் எந்தக் கோபுரத்தைத் தொட்டது என்ற பதிவுகளைக் கொண்டுவந்தது. அவற்றுக்கும் வாரண்ட் இல்லை. ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. கடைசியில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 15 ஆண்டு தண்டனை பெற்றார்.

அந்தக் கோபுரப் பதிவுகள் 2018இல் கார்பென்டர் வழக்காக உச்ச நீதிமன்றம் வந்தன. டெட்ராய்ட் வட்டாரக் கடைக் கொள்ளைகளில் சந்தேகிக்கப்பட்டவரின் 127 நாள் நடமாட்டம், 12,898 இடப் புள்ளிகளாகத் தொலைபேசி நிறுவனங்களிடமிருந்து வாங்கப்பட்டிருந்தது. எதையும் யாரும் தொடவில்லை; ஸ்காலியாவின் அளவுகோல் இங்கே உதவாது. ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் ராபர்ட்ஸ், பொதுவாக இதற்கும் வாரண்ட் வேண்டும் என்று எழுதினார். 2012இல் அலிட்டோ தரப்பின் சிறுபான்மைக் காரணமாக இருந்தது இப்போது தீர்ப்பாயிற்று.

ஐரோப்பாவில் கேள்வி வேறு வடிவில் எழுந்தது. 2010இல் உசுன் எதிர் ஜெர்மனி வழக்கில், குண்டுவெடிப்பு விசாரணைக்காகச் சுமார் மூன்று மாதம் நடந்த ஜிபிஎஸ் கண்காணிப்பு உரிமை மீறல் அல்ல என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது. 2018இல் பிரான்சுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கண்காணிப்பு நடந்தபோது அங்கே இதற்குத் தெளிவான சட்டம் இல்லை என்பதே குறை. பிரான்ஸ் 2014இலேயே அதற்கென்று சட்டம் இயற்றியிருந்தது.

வாரண்ட் முறையாக வாங்கினாலும் சிக்கல் தீர்வதில்லை என்பதை அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஒரு வழக்கு காட்டியது. போலீசார் நீதிபதியின் அனுமதியோடு ஒருவரின் வண்டியில் கருவி ஒட்டினார்கள். ஆறு நாள் இடம் காட்டியது, பிறகு மௌனம். வண்டியின் அடியில் பார்த்தால் கருவியைக் காணோம். உடனே போலீசார் அதைத் திருட்டு என்று சொல்லி, அவர் வீட்டையும் அவருடைய அப்பாவின் தொழுவத்தையும் சோதிக்கப் புதிய வாரண்ட் வாங்கி, போனதும் போதைப்பொருளைக் கண்டுபிடித்தார்கள். 2020இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சோதனை செல்லாது என்றது. கருவி தானே கழன்று விழுந்திருக்கலாம். அவரே பார்த்துப் பிடுங்கியும் இருக்கலாம். அது யாருடையது என்று அந்தக் கறுப்புப் பெட்டியின் மேல் ஓர் எழுத்துகூட இல்லை.