எம்மத்தியில் இன்னும் வாழும் மூடநம்பிக்கைகள்

2015 ஜனவரி 8ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தல், பதவிக்காலம் முடிய சுமார் இரண்டு வருடங்கள் இருக்கையிலேயே அறிவிக்கப்பட்ட ஒன்று. அப்போதைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவுக்கு வெற்றி நிச்சயம் என்று அவரது சோதிடர் பகிரங்கமாகவே கூறியிருந்தார். முடிவு நாம் அறிந்ததே. 2020 டிசம்பரில், கொரோனாவைக் குணப்படுத்தும் என்று சொல்லப்பட்ட பாணியைப் பெற கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அதைப் பகிரங்கமாக அருந்திய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று உறுதியானது.

இவற்றைப் பார்த்துச் சிரிக்கும் நாம், எமது வீடுகளையும் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். ஏகத்துவத்தை ஏற்ற சமூகத்திலும் வேரூன்றியுள்ள சில நம்பிக்கைகளையும் அவை பற்றிய உண்மை நிலையையும் இங்கு தொகுத்துத் தருகிறோம்.

பீடை மாதம், பீடை நாள்

ஸபர் மாதத்தில் திருமணம் வைப்பதில்லை, புதுவீடு குடிபுகுவதில்லை என்போர் இன்றும் உள்ளனர். அம்மாதத்தின் இறுதிப் புதனை ‘ஒடுக்கத்துப் புதன்’ எனக் கூறி, மாவிலையிலோ பீங்கானிலோ எழுதிக் கரைத்துக் குடித்து, குளித்து பீடை கழிக்கும் வழக்கமும் சில ஊர்களில் முற்றாக மறையவில்லை. ஸபரைப் பீடையாகக் கருதியவர்கள் இஸ்லாத்துக்கு முந்திய அரபிகள். அந்த எண்ணத்தை நபி (ஸல்) அவர்கள் நிராகரித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. அதேபோல் ஷவ்வாலில் திருமணம் ஆகாது என்றும் அன்று கருதினர். ஆயிஷா (ரழி) அவர்களோ, தமது திருமணம் ஷவ்வாலிலேயே நடந்தது என்று சொல்லி அந்த எண்ணத்தை மறுத்தார்கள்.

சகுனம்

ஆந்தை அலறினால் மரணம், காகம் கரைந்தால் விருந்தாளி, பல்லி சொன்னால் பயணம் தடை, பூனை குறுக்கே போனால் காரியம் கெடும். பறவைகளை வைத்துச் சகுனம் பார்ப்பதும் ஆந்தையை அஞ்சுவதும் மேற்சொன்ன ஹதீஸிலேயே மறுக்கப்பட்டுள்ளன. ஆந்தை இரவில் இரை தேடும் பறவை. அதன் குரலை இரவில் கேட்பது இயல்பானதே.

கிரகணம்

கிரகண வேளையில் கர்ப்பிணிகள் வெளியே வரக்கூடாது, கத்தி தொடக்கூடாது, தொட்டால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்பர். 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தின்போதும் இப்பேச்சுகள் எழுந்தன. உதட்டுப் பிளவு, கருவின் ஆரம்ப வாரங்களில் முகத்தின் பாகங்கள் சரியாக இணையாததால் ஏற்படுவது. கிரகணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. நபியவர்களின் மகன் இப்றாஹீம் மரணித்த நாளில் கிரகணம் ஏற்பட்டபோது, மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அன்றே தெளிவுபடுத்தப்பட்டது. கிரகணத்தைக் கண்டால் எமக்குச் சொல்லப்பட்டது தொழுகையே.

கண்ணூறு

கண்ணேறு உண்மை என்பதற்கு ஹதீஸ் உண்டு. அதற்கான பாதுகாப்பாகக் கற்றுத் தரப்பட்டவை துஆக்களும் இறுதி இரு சூறாக்களும்தான். கட்டடத்தின் முன்னே தொங்கும் வைக்கோல் பொம்மை, கடை வாசலில் கோர்த்த எலுமிச்சம்பழம், செத்தல் மிளகாயைச் சுற்றி நெருப்பில் போட்டு நெடி பார்த்தல் என்பவற்றுக்கு மார்க்கத்தில் எந்த ஆதாரமும் இல்லை. நம்பிக்கை உண்மையாக இருப்பதால் அதன் பெயரால் செய்யும் எல்லாமே சரியாகிவிடாது.

உயிரோடு விளையாடுபவை

மேற்கூறியவற்றால் பெரும்பாலும் நேரமும் பணமும்தான் வீணாகும். சில நம்பிக்கைகளோ உயிரையே பறிக்கும். இலங்கையில் வருடத்துக்கு ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு தீண்டுவதாகவும் சுமார் 400 பேர் மரணிப்பதாகவும் நாடளாவிய ஆய்வொன்று மதிப்பிட்டது. அரச வைத்தியசாலைகளில் விஷமுறி மருந்து இலவசம். ஆனாலும் முதலில் மந்திரிக்கக் கொண்டுபோய்ப் பொன்னான நேரத்தை இழக்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

வலிப்பு வந்தவரின் கையில் இரும்பையோ சாவியையோ திணிப்பதால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். அதைப் பார்ப்பவர்கள்தான் சாவிக்குப் பெருமை சேர்க்கிறார்கள். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்ஸை அழைப்பதே முறை.

மனநோயாளியை ‘ஜின் பிடித்தவர்’ என்று கூறி அடிப்பதும் புகை போடுவதும் பெரும் அநியாயம். ஜின்களை நம்புவது எமது ஈமானில் அடங்கும். அதற்காக ஒவ்வொரு மனநோயையும் ஜின்னின் தலையில் கட்டிவிட முடியாது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை பெறலாம். ஓதிப் பார்ப்பதை வைத்தியம் தடுக்காது.

பெண்கள் மீது சுமத்தப்படும் பழி

புதுமணப்பெண் வந்த பின் வியாபாரம் நொடித்தால் ‘அவள் வந்த ராசி’ என்கிறோம். கணவனை இழந்த சகோதரியைக் கல்யாண வீட்டில் முன்னுக்கு வரவிடாமல் ஒதுக்குகிறோம். நபியவர்கள் மணமுடித்தவர்களில் ஆயிஷா (ரழி) அவர்களைத் தவிர மற்ற அனைவரும் ஏற்கனவே மணவாழ்வு கண்டவர்கள், அவர்களில் பலர் விதவைகள் என்பதை அறிந்துகொண்டே இதைச் செய்கிறோம்.

செய்ய வேண்டியது

குறி சொல்பவரிடம் சென்று கேட்பவரின் தொழுகை 40 நாட்களுக்கு ஏற்கப்படாது என ஸஹீஹ் முஸ்லிமில் எச்சரிக்கை உள்ளது. குத்பாக்களிலும் குர்ஆன் மத்ரஸாக்களிலும் இவை பற்றி ஊர்ப் பெயர் வழக்கோடு விளக்கமாகப் பேசப்பட வேண்டும். வீட்டிலுள்ள மூத்தவர்களைப் பரிகசிக்காமல், பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அவர்கள் பிள்ளைகள் மீதுள்ள பாசத்தினாலேயே இவற்றைச் செய்கிறார்கள். அந்தப் பாசத்தைத் துஆவின் பக்கமும் வைத்தியசாலையின் பக்கமும் திருப்பிவிடுவது எமது பொறுப்பு.