‘மூர்’ என்ற சொல்லும் நாமும்

சென்ற தவணையில் ஒருநாள் ஒன்பதாம் ஆண்டு மாணவன் ஒருவன் பாடசாலை நூலகத்து ஆங்கில அகராதியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். நான் ஆங்கில ஆசிரியனல்லன்; தமிழும் வரலாறும் படிப்பிப்பவன். ஆங்கில ஆசிரியர் அன்று லீவு. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பில் தன் இனம் ‘சிறிலங்கா மூர்’ என்று இருப்பதைக் கண்ட பையன், அந்த ‘மூர்’ என்னவென்று அகராதியைப் புரட்டியிருக்கிறான். ஒரே எழுத்துக்கூட்டலில் மூன்று விளக்கங்கள். பற்றைகள் மண்டிய வெட்டவெளி நிலம் என்றது ஒன்று. கப்பலைக் கயிறிட்டுக் கட்டுதல் என்றது மற்றொன்று. வட ஆபிரிக்க முஸ்லிம் என்றது மூன்றாவது.

“சேர், இதில நாங்க எது?” என்றான்.

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பது வயது தாண்டியும் இக்கேள்வியை நான் என்னிடமே கேட்டதில்லை என்பதுதான் உறைத்தது.

முதல் இரண்டையும் விரைவில் முடித்துவிடலாம். வெட்டவெளியைக் குறிக்கும் மூர், ஆங்கிலத்தின் மிகப் பழைய சொற்களுள் ஒன்று. இங்கிலாந்தின் டார்ட்மூர், எக்ஸ்மூர் ஆகிய நிலப்பகுதிகளின் பெயர்களில் இருப்பது அதுவே. முன்னர் அது சதுப்பு நிலத்தையும் குறித்தது. எங்கள் ஊர்க் குளத்தில் ஆம்பல் இலைகளுக்கிடையே சிவந்த நெற்றியோடு நீந்தும் தாழைக்கோழியை ஆங்கிலத்தில் ‘மூர்ஹென்’ என்பர். சதுப்புக் கோழி என்பதே அதன் பொருள். சோனகக் கோழி என்று எவரும் பெருமை கொள்ள வேண்டாம். தோணி கட்டும் மூர் ஒல்லாந்த மொழிக் குடும்பத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. நம் முன்னோர் கரையில் மரக்கலங்களைக் கட்டியதால்தான் வெள்ளைக்காரன் நம்மை மூர் என்றான் என்று ஊரில் ஒரு பெரியவர் விளக்கம் சொல்வார். கேட்க அழகாயிருக்கும், ஆனால் உண்மையன்று. வியப்பு என்னவெனில், சிங்களவர் நம்மை ‘மரக்கல’ என்று அழைப்பதைப் பலரும் நமது மரக்கலத்தோடுதான் தொடர்புபடுத்துவர். ‘ஹம்பங்காரயா’ என்ற சொல்லையும் சம்பான் படகிலிருந்து பிறந்தது என்பர். தோணி உண்மையாகவே இருக்கிறது. ஆங்கிலச் சொல்லில்தான் இல்லை.

மூன்றாவது மூரின் கதைதான் நீண்டது. உரோமர் வட ஆபிரிக்காவின் மேற்குப் பகுதியை, அதாவது இன்றைய மொரோக்கோவும் அல்ஜீரியாவின் ஒரு பகுதியும் அடங்கிய நிலத்தை, மௌரித்தேனியா என்றும் அங்கு வாழ்ந்தோரை மௌரி என்றும் அழைத்தனர். இது இஸ்லாம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய வழக்கு. அப்பெயரில் அன்று மார்க்கம் எதுவும் இல்லை. 711இல் தாரிக் இப்னு ஸியாத் நீரிணையைக் கடந்து ஸ்பெயினில் கால்வைத்தார். அவருடன் சென்ற படையில் வட ஆபிரிக்க பேர்பர்களே பெரும்பாலோர். ஆகவே அவர்களும், பின்னர் அங்கு ஆண்ட அறபிகளும், நாளடைவில் இஸ்லாத்தைத் தழுவிய உள்ளூர் மக்களுங்கூட, கிறிஸ்தவர் வாயில் ஸ்பானிய மொழியில் ‘மோரோ’, போர்த்துக்கேய மொழியில் ‘மூரோ’ என்றாயினர். 1492இல் கிரனாடா வீழ்ந்தபோது, ஒரு நாட்டாரின் பெயராகத் தொடங்கியது எதிரியின் மார்க்கத்துக்குரிய பெயராக முற்றாக மாறியிருந்தது.

இங்கிலாந்தில் அது மேலும் குழம்பியது. 1600இல் மொரோக்கோ சுல்தானின் தூதுவர் அப்துல் வாஹித் இலண்டன் சென்று ஏறத்தாழ ஆறு மாதம் தங்கினார். ஸ்பெயினுக்கு எதிராக முதலாம் எலிசபெத் அரசியோடு கூட்டுச்சேர்வது பற்றிய பேச்சுவார்த்தை அது. தலைப்பாகையும் வாளுமாக அவர் நிற்கும் ஓவியம் இன்றும் இருக்கிறது. நான்கு ஆண்டுகளில், 1604இல், ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ அரசவையில் அரங்கேறியது. அதன் முழுப்பெயரில் ‘வெனிசின் மூர்’ என்று வரும். ஆனால் ஒத்தெல்லோ கிறிஸ்தவன். துருக்கியரை எதிர்க்கச் சைப்பிரசுக்குப் போகும் படைத்தளபதி. அங்கே மூர் என்பது மார்க்கமன்று, நிறம். ஆசிரியர் கலாசாலையில் அந்நாடகத்தைத் தமிழில் படித்தபோது, நமது இனத்தவன் ஒருவனை ஷேக்ஸ்பியர் கதாநாயகன் ஆக்கியிருக்கிறார் என்று நண்பர்கள் நாங்கள் மகிழ்ந்தோம். இப்போது நினைத்தால் வெட்கமாயிருக்கிறது.

ஐரோப்பியர் கடலோடியபோது துப்பாக்கியோடும் சிலுவையோடும் இச்சொல்லையும் கப்பலில் ஏற்றினர். 1505இல் இலங்கைக் கரையைத் தொட்ட போர்த்துக்கேயருக்கு இங்கே வணிகம் செய்துகொண்டிருந்த முஸ்லிம்களைப் பற்றி விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. பெயர் ஏற்கனவே கையில் இருந்தது. பகையும் அதனுள்ளே இருந்தது. 1626இல் தமது ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து ‘மூரோ’க்களை அவர்கள் வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்று ஒரு தொகையினரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். ஏறத்தாழ 4000 பேர் என்பது வரலாற்று நூல்களில் பொதுவாகக் காணப்படும் தொகை. மாணவனின் கேள்விக்கு இது நேரான விடையன்று. எனினும், ஸ்பெயினில் பிறந்த ஒரு பகைமைச் சொல் கிழக்கிலங்கையின் குடிப்பரம்பலையே மாற்றியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

அதே சொல் பிலிப்பைன்சில் இன்னொரு வழியிற் சென்றது. 1565 முதல் அங்கு குடியேறத் தொடங்கிய ஸ்பானியர், தெற்கே மிண்டனாவோ, சூலூ தீவுகளின் முஸ்லிம்களை ‘மோரோ’ என்றனர். அவர்களோ மலாய் இனத்தோடு உறவுடைய மக்கள். மௌரித்தேனியா எந்தத் திசையில் இருக்கிறதென்றே அறியாதவர்கள். வசைச்சொல்லாக வந்த அதனையே அவர்கள் பிற்காலத்தில் தமது கொடியாக ஏந்தினர். 2019இல் உருவான தன்னாட்சிப் பிராந்தியத்தின் பெயர் பங்சாமோரோ. மோரோ தேசம் என்பது அதன் பொருள்.

இதனை இலங்கையோடு ஒப்பிட்டால் சொல்லின் விசித்திரம் புரியும். ஒல்லாந்தர் காலத்தில் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து இங்கு கொண்டுவரப்பட்ட மலாயர் நம்மோடு ஒரே ஸப்பில் நின்று தொழுபவர்கள். அவர்கள் இங்கே மூர் அல்லர். மணிலாவில் மலாய முஸ்லிம் மோரோ. கொழும்பில் மலாயர் வேறு, மூர் வேறு. இந்தியாவிலோ, 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ஒரு மொழிக்கே இப்பெயரை இட்டனர். 1772இல் ஜோர்ஜ் ஹட்லி வெளியிட்ட இந்துஸ்தானி இலக்கண நூலின் தலைப்பே, அம்மொழி பொதுவாக ‘மூர்ஸ்’ எனப்படுவதாகக் கூறுகிறது. அந்தக் கணக்கின்படி மூர் பேசத் தெரியாத மூர்கள் நாம்.

ஆங்கிலேயர் இங்கே இச்சொல்லைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தனர். கொழும்பு மாகாண மூர்களிடையே வழங்கிய முஸ்லிம் வழமைகள் 1806இல் சட்டக்கோவையாகி, 1852இல் தீவு முழுவதற்கும் விரிந்தன. பின்னர் குடிசன மதிப்பீடு வந்தது. 1911இல் ‘இலங்கை மூர்’, ‘இந்திய மூர்’ என்ற பிரிவு ஏற்பட்டது. கரையோர மூர் என்று அரச பத்திரங்களில் குறிக்கப்பட்டோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் சகோதரர்களே. நான்கு ஆண்டுகள் கழித்து, 1915இல் கலவரம் வெடித்தபோது அது கரையோர மூர்களுக்கு எதிரானதென்றே பேசப்பட்டது. ஆனால் கலகக்காரர்கள் குடிசன மதிப்பீட்டைப் பார்த்து அடிக்கவில்லை. இலங்கை மூரின் கடையும் எரிந்தது.

இதற்கு முன்பே ஒரு பெரும் விவாதம் நடந்திருந்தது. பொன்னம்பலம் இராமநாதன் 1885இல் சட்டநிரூபண சபையில் பேசிய கருத்தை விரித்து, 1888இல் ரோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரை படித்தார். இலங்கை மூர்கள் இனத்தால் தமிழர், மார்க்கத்தால் முஸ்லிம்கள் என்பது அவர் முடிபு. முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டுமா என்ற கேள்வி எழுந்திருந்த காலம் அது. 1889இல் எம்.சி. அப்துல் ரஹ்மான் முதல் முஸ்லிம் பிரதிநிதியாக நியமனமானார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் ஆங்கிலத்தில் மறுப்பு நூல் எழுதினார். நாம் அறபு வணிகரின் சந்ததி, தமிழ் தேவை கருதி நாம் ஏற்ற மொழி என்றார். அஸீஸ் மறுத்திராவிட்டால் நமது தனித்துவம் ஏட்டிலேயே அழிந்திருக்கும். அந்த நன்றி எனக்குண்டு. ஆயினும் இருவரும் மூர் என்ற சொல்லை வைத்துக்கொண்டே வாதாடினர் என்பதை நாம் கவனிப்பதில்லை. அச்சொல்லைக் கொண்டுவந்தவன் இரத்தத்தைப் பார்த்துப் பெயரிடவில்லை. இல்லாத ஒன்றை அதனுள் தேடினர் இருவரும்.

அறிஞர் சித்திலெப்பை 1882இல் தொடங்கிய பத்திரிகைக்கு ‘முஸ்லிம் நேசன்’ என்றே பெயரிட்டார். 1930களிலும் 40களிலும் சோனகரா முஸ்லிமா என்ற வாதம் அரசியலில் சூடுபிடித்தது. ஸேர் ராஸிக் பரீத் சோனகர் என்ற பெயரில் உறுதியாக நின்றார். 1944இல் அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் மூர்ஸ் இஸ்லாமிய கலாசார இல்லம். மறுபுறம் முஸ்லிம் லீக்கில் ரி.பி. ஜாயா. அவர் மலாயர். சோனகர் என்றால் அவருக்கு இடமில்லை. முஸ்லிம் என்றால் அவரே தலைவர். சொல்லுக்குள் யார் யார் அமரலாம் என்பதில் ஆசனமும் வாக்கும் அடங்கியிருந்தன.

தமிழில் நாம் மூர் என்பதில்லை, சோனகர் என்கிறோம். அதுவாவது சொந்தமா என்றால், அது யவனர் என்ற சொல்லின் வழிவந்தது. யவனர் என்பது அயோனியக் கிரேக்கரைக் குறித்தது. சிங்களப் படிவங்களில் வரும் ‘லங்கா யோனக’வும் அதே வேர்தான். ஒரே பையனுக்கு அரசாங்கம் ஆங்கிலத்தில் மொரோக்கோவையும், தமிழிலும் சிங்களத்திலும் கிரேக்கத்தையும் ஊராகக் கொடுத்திருக்கிறது. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இப்பெயரின் கீழ் நாட்டு மக்களில் 9.3 சதவீதத்தினர் இருந்தோம்.

எங்கிருந்து வந்தாலும் சோனகர் என்ற சொல்லைக் கைவிட என் மனம் இடந்தரவில்லை. யாழ்ப்பாணத்துச் சோனகத்தெருவை நினைக்கிறேன். 1990 ஒக்டோபரில் அத்தெருவின் மக்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். புத்தளத்து அகதி முகாம்களில் பல ஆண்டுகள் கழிந்த பின்னும், எந்த ஊர் என்று கேட்டால் அவர்கள் சோனகத்தெரு என்றே சொன்னார்கள். அவர்களுக்கு அது யவனமுமன்று, மௌரித்தேனியாவுமன்று. கிணறும் பள்ளிவாசலும் பூட்டாமல் விட்டுவந்த கதவும்.

இவ்வளவையும் பதினான்கு வயதுப் பையனிடம் சொல்ல முடியுமா? பாட வேளை முடிய ஐந்து நிமிடம்தான் இருந்தது. மூன்றாவது விளக்கத்தின் கீழ்க் கோடிட்டு, அருகில் ‘இலங்கையில் வேறு’ என்று பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். நூலகத்து அகராதி, எழுதக் கூடாதுதான்.