கை மாறிய கார்



வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் உங்கள் நினைவுக்கு வரலாம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அவ்வளவு பெருமை உடையதன்று. ஒருவர் ஓட்டிக் கழித்த காரை மற்றொருவர் வாங்குகிறாரே, அந்த எளிய கொடுக்கல் வாங்கலின் வரலாற்றையே சொல்லப் போகிறேன். அதிலும், கையில் சிறு தொகையே வைத்திருப்பவர், இடவசதியுள்ள பெரிய காரை நாடும்போது என்ன நேர்கிறது என்பதே என் பேச்சு.

இப்பொருளில் எனக்கு ஆர்வம் உண்டானதற்குக் காரணம் என் பாட்டியாரின் முழங்கால். 1987ஆம் ஆண்டு. மன்னார்குடிக்கு அருகே ஒரு சிற்றூரில் என் தந்தையார் பள்ளி ஆசிரியராக இருந்தார். வீட்டில் நாங்கள் ஏழு பேர். பாட்டியாருக்கு வலக்கால் மடங்காமற் போயிற்று. மாதம் இருமுறை அவரைத் தஞ்சாவூர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பேருந்தின் படியில் அவரால் ஏற இயலாது. வாடகைக் காருக்கோ ஆசிரியர் சம்பளம் தாங்காது. காலை நீட்டி உட்காரப் பின்னிருக்கையில் இடமுள்ள வண்டி ஒன்று வேண்டும். கையில் உள்ளதோ சேமநல நிதியிலிருந்து கடனாகப் பெற்ற 28,000 ரூபாய். இவ்விரண்டையும் எவ்வாறு இணைப்பது? தந்தையார் இரவில் திண்ணையில் அமர்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது இன்றும் என் கண்முன் நிற்கிறது.

அவர் அன்று போட்ட கணக்கை, அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்க மக்கள் பல இலட்சம் பேர் போட்டிருந்தார்கள். அந்தக் கணக்கு உலகின் மிகப் பெரிய கார்த் தொழிற்சாலை ஒன்றையே சில மாதங்கள் மூட வைத்தது.

ஹென்றி ஃபோர்டு 1908இல் தம் 'டி' மாதிரிக் காரை வெளியிட்டபோது அதன் விலை ஏறத்தாழ 850 டாலர். உற்பத்தியைப் பெருக்கி, செலவைச் சுருக்கி, ஆண்டுதோறும் விலையைக் குறைத்துக்கொண்டே வந்தார். 1925இல் அதன் மிக எளிய வடிவம் 260 டாலருக்கே கிடைத்தது. இதற்கு மேல் ஏழைக்கு வேறு என்ன வேண்டும் என்று அவர் எண்ணினார். அங்கேதான் அவர் கணக்குத் தவறியது. 1920களின் நடுவில் அமெரிக்காவில் பழைய கார்கள் பெருகிவிட்டன. புது வண்டி வாங்க வருபவர் தம் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு, மீதித் தொகையைத் தவணையாகச் செலுத்தலாம் என்ற வழக்கம் பரவிற்று. இவ்வாறு விற்பனையாளர்களிடம் வந்து குவிந்த வண்டிகளில் நல்லனவும் பல இருந்தன. மழைக்கும் குளிருக்கும் காப்பாகக் கூரையும் கண்ணாடிக் கதவும் உடைய பெரிய வண்டிகள் அவை.

எளிய குடும்பத்தினர் ஒருவர் அப்போது என்ன நினைத்திருப்பார்? குளிர் காற்று முகத்தில் அறையும் புதிய திறந்த வண்டியை வாங்குவதா, ஏறக்குறைய அதே விலைக்கு மூன்றாண்டு ஓடிய, மூடிய, மெத்தென்ற இருக்கையுள்ள வண்டியை வாங்குவதா? மக்கள் இரண்டாவதையே தேர்ந்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் இதைக் கண்டுகொண்டார். தவணை விற்பனை, பழைய வண்டியை மாற்றிக்கொள்ளுதல், மூடிய உடல், ஆண்டுக்கு ஒரு புது மாதிரி ஆகிய நான்குமே தொழிலின் போக்கை மாற்றின என்று அவர் பிற்காலத்தில் எழுதினார். 1927 மே மாதம் ஒன்றரைக் கோடியாவது 'டி' மாதிரி வெளிவந்தது. அதே மாதத்தில் அதன் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவிப்பும் வந்தது. ஃபோர்டை வீழ்த்தியது போட்டியாளர் செய்த புதிய கார் மட்டுமன்று. பிறர் ஓட்டிக் கழித்த பழைய காருமாகும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே கதை தலைகீழாக நடந்தது.

விடுதலைக்கு முன்பு ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்சும் இந்தியாவில் கார்களைக் கோத்து விற்றன. சென்னையிலும் ஃபோர்டு வண்டிகள் கோக்கப்பட்டன. 1953இல், உதிரி உறுப்புகளை இங்கேயே செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்களுக்கு இடமில்லை என்று அரசு முடிவு செய்யவே, அவ்விரண்டும் வெளியேறின. எஞ்சிய கார்கள் பெரும்பாலும் மூன்று வகையே. கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசிடர் ஒன்று. பம்பாயில் பிரீமியர் நிறுவனம் செய்த ஃபியட் மற்றொன்று. நம் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு மூன்றாவது. இறக்குமதிக்குத் தடை, உற்பத்திக்கு உச்சவரம்பு, விலைக்குக் கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்தன. 1959இல் கார்களின் விநியோகத்தையும் விற்பனையையும் கட்டுப்படுத்த அரசு தனியாக ஓர் ஆணையே பிறப்பித்தது.

பயன் என்ன? முன்பணம் கட்டிப் பெயரைப் பதிந்துவிட்டு மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். காத்திருக்க விரும்பாதவர் பழைய வண்டியைத் தேடி ஓடினார். ஆகவே, ஓரிரு ஆண்டு ஓடிய ஃபியட் கார், அரசு குறித்த புதுக் காரின் விலையைவிட அதிக விலைக்குக் கைமாறியது! பொருளாதாரம் பயிலும் மாணவர்கள் இதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஓட ஓடத் தேயும் ஒரு பொருள் விலையில் ஏறியது என்றால், அந்த விலை வண்டிக்குரியதன்று. காத்திருக்க வேண்டாத காலத்துக்குரியது.

அக்காலத்தில் உண்மையிலேயே மலிந்து கிடந்த பெரிய கார்கள் அமெரிக்க வண்டிகளே. பிளிமத், டாட்ஜ், செவர்லே என்று ஊருக்கு ஒன்றிரண்டாவது செல்வர் வீட்டுக் கொட்டகைகளில் இருந்தன. கப்பலைப் போன்ற அவற்றில் எட்டுப் பேர் ஏறலாம். ஆனால் பெட்ரோலைக் குடிக்கும் வேகம் அச்சமூட்டும். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை உயர்ந்தபின், அவற்றை வாங்குவாரில்லை. சில நகரங்களில் பெர்க்கின்ஸ் முதலிய டீசல் இயந்திரங்களைப் பொருத்தி அவற்றை வாடகைக்கு ஓட்டினார்கள். மலிவாக வாங்கிவிடலாம், வைத்துக் காப்பாற்றுவதே கடினம் என்ற பாடம் அப்போது பலருக்கும் விளங்கிற்று. யானையைத் தானமாகப் பெற்றவன் கதைதான்!

1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது. ஏறத்தாழ 50,000 ரூபாய் விலையில், புதிய, சிறிய, சிக்கனமான கார். நாடே அதன்மேல் ஆசை கொண்டது. அவ்வாசையின் மறுபக்கத்தை என் தந்தையார் கண்டுகொண்டார். எல்லாரும் சிறிய புது வண்டியை நோக்கி ஓடும்போது, பழைய அம்பாசிடரின் விலை இறங்கத் தொடங்கிற்று. மாருதியின் நீளம் 3.3 மீட்டர், அம்பாசிடரின் நீளம் 4.3 மீட்டர். அந்த ஒரு மீட்டரில்தான் என் பாட்டியாரின் கால் இருந்தது.

ஆயினும் பழைய கார் வாங்குவதில் ஓர் இடர் உண்டு. அதைப் பற்றி அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மூன்று ஆய்விதழ்கள் அதை மறுத்தபின் நான்காவது இதழே ஏற்றது. அக்கட்டுரைக்காகவே பெரிதும் 2001இல் அவர் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். இடையே 1967, 1968 ஆண்டுகளில் அவர் டெல்லியில் தங்கிப் பணியாற்றியவர் என்பதும், அக்கட்டுரையில் இந்தியக் கிராமக் கடனைப் பற்றிய பகுதியும் உண்டு என்பதும் நமக்குச் சுவையான செய்திகள்.

அவர் கருத்தை எளிய கணக்காகச் சொல்கிறேன். சந்தையில் நல்ல பழைய கார் ஒன்று 30,000 ரூபாய் பெறும். கெட்டது 10,000 பெறும். எது நல்லது, எது கெட்டது என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே அவர் அஞ்சி, நடுத்தரமாக 20,000தான் தருவேன் என்கிறார். நல்ல காரின் சொந்தக்காரர், "இந்த விலைக்கு நான் ஏன் விற்க வேண்டும்?" என்று விலகிக்கொள்கிறார். கெட்ட காரின் சொந்தக்காரரோ மகிழ்ச்சியோடு முன்வருகிறார். நாளடைவில் சந்தையில் கெட்ட கார்களே மிஞ்சுகின்றன. கெட்ட காரை அமெரிக்கர் 'எலுமிச்சம்பழம்' என்பர். எலுமிச்சையின் அருமை அறிந்த நமக்கு அது சற்று விந்தையாகவே இருக்கிறது.

என் தந்தையார் அக்கர்லாஃபைப் படித்தவரல்லர். அவருக்கு எங்கள் ஊர்ப் பட்டறை மேஸ்திரி இருந்தார்.

முதலில் திருச்சியில் ஒரு தரகரிடம் வண்டி பார்த்தோம். 1974இல் செய்தது, 26,000 ரூபாய் சொன்னார். புதுச் சாயம் பூசி, முகம் பார்க்கும்படி பளபளவென்று நின்றது. நான் சிறுவன், அதையே வாங்க வேண்டும் என்று மனத்துக்குள் முடிவு செய்துவிட்டேன். மேஸ்திரி ஒன்றும் பேசாமல் மடியிலிருந்து ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்தார். கதவுகளின் கீழ் ஓரத்தில் அதை வைத்து நகர்த்தினார். ஒட்டிக்கொண்டே வந்த காந்தம் ஓரிடத்தில் நழுவி விழுந்தது. மறுபக்கத்திலும் அவ்வாறே. தகடு துருவேறி அழிந்த இடத்தை யாரோ புட்டியால் அடைத்துச் சாயம் பூசியிருந்தார்கள்.

இது ஏன் அவ்வளவு பெரிய குற்றம்? லாரிக்கும் பழங்காலக் கார்களுக்கும் அடியில் தனியே இரும்புச் சட்டம் உண்டு. உடல் அதன்மேல் அமரும். அம்பாசிடரில் அவ்வாறு தனிச் சட்டம் இல்லை. உடலே பாரத்தைத் தாங்குகிறது. கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற ஓரங்களே அதன் முதுகெலும்பு. அங்கே துருவேறினால் வண்டி நடுவில் தொய்யும். மேஸ்திரி ஜாக்கியை வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டு, "கதவைச் சாத்துங்கள் சார்" என்றார். கதவு சாத்திக்கொள்ளவில்லை. நாங்கள் பேருந்தில் ஊர் திரும்பினோம். வழி முழுதும் நான் அழுதுகொண்டு வந்தேன்.

இரண்டாவது வண்டி கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவருடையது. 1969இல் வாங்கி, பதினெட்டு ஆண்டுகள் அவரே வைத்திருந்தது. சாயம் மங்கியிருந்தது, இருக்கைத் துணியில் ஒட்டுப் போட்டிருந்தார்கள். மேஸ்திரி முதல்நாளே அவருக்குச் சொல்லியனுப்பியிருந்தார், நாங்கள் வரும்வரை இயந்திரத்தை ஓட்ட வேண்டாமென்று. சூடேறிய இயந்திரம் தன் நோயை மறைத்துக்கொள்ளும். குளிர்ந்திருக்கும்போதே அதன் உண்மை வெளிப்படும். 1489 கன சென்டிமீட்டர் இயந்திரம் இரண்டாம் முறையில் உயிர்பெற்றது. வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் புகையைப் பார்த்தார். நீலப் புகை இல்லை, எண்ணெய் எரியவில்லை. ஆறியிருந்த ரேடியேட்டரைத் திறந்து நீரில் எண்ணெய் மிதக்கிறதா என்று பார்த்தார். முன்சக்கரத்தைத் தூக்கி அசைத்து ஆட்டம் பார்த்தார். காந்தம் எங்கும் நழுவவில்லை. நான் கதவைச் சாத்தினேன், சாத்திக்கொண்டது.

இவை எல்லாம் முடிந்தபின் மருத்துவர் தாமாகவே ஒரு குறிப்பேட்டைக் கொண்டுவந்தார். எண்ணெய் மாற்றிய நாள், டயர் மாற்றிய நாள், எல்லாம் பதினெட்டு ஆண்டுக் கணக்காக அதில் இருந்தன. "காலையில் இரண்டாவது கியர் சற்று முரண்டு பிடிக்கும். ஒரு மைல் ஓடினால் சரியாகிவிடும். தெரிந்துகொண்டு வாங்குங்கள்" என்றார். பல்லாண்டு உழைப்பின் தேய்மானம் அது. தந்தையார் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி, "குறையைச் சொல்லி விற்கிறவரிடம் விலை பேச வேண்டாம் சார்" என்று மெல்லச் சொன்னார். மருத்துவர் கேட்டது 31,000. தந்தையாரின் ஆசிரியத் தொழிலை அறிந்து அவரே 29,000 ஆக்கினார். மிச்சம் ஆயிரத்துக்கு அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. அதை மீட்க ஏழு மாதங்கள் ஆயின.

அந்த வண்டியில் பாட்டியார் பின்னிருக்கையில் காலை நீட்டி, தலையணை ஒன்றை முதுகுக்கு வைத்துக்கொண்டு, ஐந்தாண்டுகள் தஞ்சாவூர் சென்று வந்தார். முன்னிருக்கை ஒரே பலகையாக நீண்டிருக்கும். கியர்க் கோல் ஸ்டியரிங்கோடு சேர்ந்திருக்கும். ஆகையால் தந்தையாரோடு முன்னால் நாங்கள் மூவர் உட்காருவோம். வசதி என்ற சொல்லுக்கு இன்றைக்கும் என் உள்ளத்தில் தோன்றும் பொருள் அதுவே.

பின்னர் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1993இல் கார்த் தொழிலுக்கு இருந்த உரிமக் கட்டுப்பாடு நீங்கியது; பல நாட்டு வண்டிகள் வந்தன. பழைய கார் புதுக் காரைவிட விலை கூடிய காலம் மறைந்தது. 1984இல் பெருமையோடு வெளிவந்த காண்டெசா என்னும் பெரிய கார் 2002இல் நின்றது. அதன் பின் சில ஆண்டுகள் அதுவே மிக மலிவாகக் கிடைத்த விசாலமான பழைய காராக இருந்தது. 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தியும் நின்றது.

எங்கள் வண்டியை 1999இல் விற்றோம். வாங்க வந்தவர் நீடாமங்கலம் பக்கத்து உழவர், பெரிய குடும்பம். அவரோடு மேஸ்திரி யாரும் வரவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தந்தையார், "காலையில் இரண்டாவது கியர் சற்று முரண்டு பிடிக்கும்" என்று தொடங்கினார். மருத்துவரின் குறிப்பேட்டையும் கொடுத்தார். அவர் விலையில் இரண்டாயிரம் குறைத்துக் கேட்டார்; தந்தையார் ஒத்துக்கொண்டார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.