ஆனைமலையை வரைந்த கர்னல்

1866-ஆம் ஆண்டில் ஆனைமலையின் உயர்ந்த முகடுகளைப் பற்றி மதராஸ் அரசுக்கு ஓர் அறிக்கை போயிற்று. எழுதியவர் டக்ளஸ் ஹாமில்டன் (1818–1892). மதராஸ் ராணுவ அதிகாரி, பேர்போன வேட்டைக்காரர், எல்லாவற்றுக்கும் மேலாக மலைகளை வரைவதில் தேர்ந்த கை. 1862 முதல் அரசு அவருக்கு ஒரு தனிவேலை கொடுத்திருந்தது. ஐரோப்பியப் படைவீரர்கள் தங்கி உடல் தேறத் தோதான இடங்கள் தென்னாட்டு மலைகளின் மேட்டுத்தளங்களில் எங்கெங்கே உண்டு என்று அரசு அறிய விரும்பியது. அதற்காக அவர் அந்த மலைகளில் ஏறிப் பார்த்து வரைந்து தர வேண்டும். பழனிமலை பற்றி 1864-இலும் சேர்வராயன் மலை பற்றி 1865-இலும் ஆனைமலை பற்றி 1866-இலும் அவருடைய அறிக்கைகள் வந்தன. மூன்றுமே கொங்குச் சமவெளியைச் சுற்றி அரணாக நிற்கும் மலைகள். வரைந்தவர் மலையின் ஆற்றலுக்கு ஆட்பட்டவர். வரையச் சொன்னவர்கள் மலையின் பயனைக் கணக்கிட்டவர்கள். இந்த இரண்டும் ஒரே தாளில் பதிந்திருப்பதால்தான் கொங்கு மலைகளின் வரலாற்றுக்கு இந்தப் படங்கள் அரிய சாட்சியாகின்றன என்பது என் வாதம்.

மலையின் ஆற்றலை உருவமாக்கும் வழக்கம் கொங்கில் வெள்ளைக்காரர்களோடு தொடங்கியதில்லை. கொல்லிமலையில் இருந்ததாகச் சங்கப் பாடல்கள் பேசும் கொல்லிப்பாவையை நினைத்துப் பார்க்கலாம். காற்று அறைந்தாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அந்தப் பாவை தன் வடிவம் குலையாது என்கிறார் நற்றிணையில் பரணர். இயற்கையின் சீற்றத்தையே அளவுகோலாக வைத்து ஓர் உருவத்தின் உறுதியை அளந்த கவிதை அது. அதற்கும் முந்திய கைகள் பாறைகளில் பதிந்திருக்கின்றன. கோவைக்கு மேற்கே, வாளையாறு பக்கமுள்ள குமிட்டிபதியில் வெள்ளை நிறத்தில் யானை வரையப்பட்ட குகை இருக்கிறது. கோத்தகிரி பக்கம் வெள்ளரிக்கொம்பையிலும் கரிக்கையூர்ப் பொறிவரையிலும் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. இந்தப் பழைய கைகளுக்கு மலை என்பது தூரத்தில் நின்று பார்க்கும் காட்சியாக இருக்கவில்லை. யானை, காட்டுமாடு, குரங்கு, வேட்டைக்குப் போகும் மனிதன் என்று மலைக்குள் நடமாடும் உயிர்களாகவே மலை அவர்களுக்குத் தென்பட்டது. வானம், முகடு, சரிவு, பள்ளத்தாக்கு எல்லாம் ஒரு சட்டத்துக்குள் அடங்க, ஒரே இடத்தில் நின்று பார்ப்பவனின் கண்ணுக்கு ஏற்ப வரையும் நிலக்காட்சி ஓவியம் பின்னால் வந்தது. அது வந்த வழி போர்வழி.

1790-இல் தொடங்கிய மூன்றாம் மைசூர்ப் போர் 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு முடிந்தது. கொங்கின் வடக்கு வாசலான பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயின. கோவை 1799 வரை மைசூர் மன்னர் திப்பு சுல்தானிடம் இருந்தது. அந்தப் போரின் தடத்திலேயே ஓவியர்களும் வந்தார்கள். கம்பெனிப் படைத்தலைவர் காரன்வாலிஸின் படையோடு வந்த ராபர்ட் ஹோம், படை அதிகாரிகளான கோல்புரூக், அலெக்சாண்டர் ஆலன் ஆகியோர் 1793, 1794-இல் மைசூர் நாட்டுக் காட்சிகளை அச்சிட்டு லண்டனில் விற்றார்கள். அதே 1792-இல் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் மதராஸிலிருந்து புறப்பட்டு ஓசூர், ராயக்கோட்டை, பாராமகால் மலைக்கோட்டைகளை வரைந்துகொண்டே தெற்கே போய், பாபநாசம் அருவி வரை வரைந்தார்கள். 1795 முதல் 1808 வரை வெளிவந்த அவர்களுடைய 144 படங்களில் இவையும் இடம்பெற்றன. அச்சமும் வியப்பும் கலந்து மனத்தை நிறைக்கும் பேருருவே மிக வலிய உணர்வைக் கிளப்பும் என்று சிந்தனையாளர் எட்மண்ட் பர்க் 1757-இல் எழுதியிருந்தார். செங்குத்துப் பாறை, கொட்டும் அருவி, கருத்த மேகம் ஆகியவற்றைத் தேடி அலைந்த தலைமுறைக்கு அந்த எண்ணமே கண் கொடுத்தது. ஆனால் பாராமகால் பாறை அவர்களை ஈர்த்ததற்கு அதன் பேருருவம் மட்டும் காரணமில்லை. அது அப்போதுதான் பிடிபட்ட கோட்டை. இயற்கையின் வலிமையை வரைந்த படம், அந்த வலிமையை வென்ற படையின் புகழையும் சேர்த்தே விற்றது.

அடுத்த கட்டம் நேரடியாகக் கோவையைச் சேர்ந்தது. கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரியில் ஏறினார். நீலகிரி அப்போது கோயமுத்தூர் மாவட்டத்தின் பகுதி. தனி மாவட்டமானது 1868-இல்தான். ஜேம்ஸ் ஹஃப் என்ற பாதிரியார் 1829-இல் வெளியிட்ட நூலின் தலைப்பே அதைக் 'கோயமுத்தூரின் நீல மலைகள்' என்று குறிப்பிட்டது. 1830-ஐ ஒட்டி மெக்கர்டி என்ற கேப்டன் நீலகிரிக் காட்சிகளைக் கல்லச்சில் வெளியிட்டார். 1835-இல் அங்கே சில காலம் தங்கிய கேப்டன் ரிச்சர்ட் பேரன் வரைந்தவை 1837-இல் நூலாயின. பெயருக்கு முன்னால் உள்ள பட்டங்களைக் கவனிக்க வேண்டும். வரைந்தவர்கள் எல்லாரும் கேப்டன்கள். புகைப்படம் இல்லாத அந்தக் காலத்தில், எதிரி நிலத்தின் மேடுபள்ளத்தைக் கண்ணால் அளந்து தாளில் இறக்குவது படை அதிகாரிக்குத் தேவையான திறமை. கம்பெனி அதிகாரிகளைப் பயிற்றுவித்த இங்கிலாந்தின் அடிஸ்கோம் கல்லூரியில் நிலக்காட்சி வரைதல் பாடமாகவே இருந்தது. பிறகு 1874-இல் குன்னூருக்கு வந்த எட்வர்ட் லியரைப் போன்ற தொழில்முறை ஓவியர்கள் விதிவிலக்குகள். கொங்கு மலைகளைப் பெரும்பாலும் தாளுக்குக் கொண்டுவந்தது ராணுவக் கண்.

ஆனைமலையில் இந்தக் கண்ணோடு காட்டுக் கணக்கும் சேர்ந்தது. பம்பாய்க் கப்பல்துறைக்குத் தேக்கு தேவைப்பட்டதால் 1848-இல் கேப்டன் மைக்கேலின் பொறுப்பில் ஆனைமலைத் தேக்குக்காட்டு வேலை தொடங்கியது. வெட்டிய மரத்தை உச்சியிலிருந்து சரியவிட்ட இடம் இன்றும் டாப்ஸ்லிப் என்ற பெயரைச் சுமக்கிறது. 1856-இல் மதராஸ் மாகாணத்தின் வனப் பாதுகாவலரான ஹ்யூ கிளெக்ஹார்ன் 1858-இல் ஆனைமலையின் உயர்ந்த பகுதிகளுக்கு ஒரு பயணம் நடத்தினார். 1861-இல் எடின்பரோ ராயல் சொசைட்டி வெளியிட்ட அந்தப் பயண அறிக்கைக்குப் படம் வரைந்து கொடுத்தவர், அப்போது மேஜராக இருந்த ஹாமில்டன். மழைக்காற்றும் பனியும் செதுக்கிய நிலம் அது. தென்மேற்குப் பருவக்காற்று முழு வேகத்தில் மோதும் முகடுகளில் மரம் நிற்க முடியாது; இரவுப்பனி இளஞ்செடியைக் கருக்கிவிடும். ஆகவே திறந்த சரிவுகளில் புல் மட்டும் படர்கிறது. நீர் தங்கி, காற்று படாத மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு குட்டையாக, நெருக்கமாக ஒண்டிக்கொள்கிறது. புல்லும் சோலையும் சேர்ந்து உறிஞ்சி மெல்ல மெல்ல விடும் நீர்தான் ஆழியாறாகவும் அமராவதியாகவும், வடக்கே பவானியாகவும் கொங்கின் மழை மறைவுச் சமவெளிக்கு இறங்குகிறது. இப்படிப்பட்ட மலையை உண்மையாக வரைய முனைபவன் முகட்டை மொட்டையாகவும் மடிப்பை இருட்டாகவும் வரைந்துதான் ஆக வேண்டும். காற்றின் வேலையை, தண்ணீரின் வேலையை அவன் கோடு தானாகவே பதிவு செய்துவிடுகிறது.

அதன் பிறகு அந்த மலைகளுக்கு நேர்ந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. காப்பியும் சின்கோனாவும் வந்தன. 1840-களிலிருந்தே யூகலிப்டஸும் வாட்டில் மரமும் நீலகிரியில் பரவத் தொடங்கின. 1890-களின் கடைசியில் கார்வர் மார்ஷ் வால்பாறைப் பக்கம் காட்டைத் திருத்தி, தோட்டத் தொழிலுக்கு வழி திறந்தார். அங்கே இன்று மலைமேல் மலையாகத் தேயிலை. அக்காமலைப் புல்வெளியும் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் உள்ள சோலைகளும் பழைய ஆனைமலையின் எச்சம். ஓவியம்தான் இதற்கெல்லாம் காரணம் என்று சொன்னால் அது மிகைப்படுத்தல். தேக்குக்கு விலை இருந்தது, தேயிலைக்குச் சந்தை இருந்தது. படம் இல்லாமலும் கோடரி வந்திருக்கும். ஆனால் எங்கே தண்ணீர், எங்கே சமதளம், எங்கே குளிர்ச்சி என்று உட்கார்ந்த இடத்திலேயே ஓர் அதிகாரி காண வழிசெய்தவை இந்தப் படங்கள். அந்தப் பொறுப்பிலிருந்து அவற்றை விடுவிக்க முடியாது.

இந்தப் படங்கள் சாட்சி என்ற வாதத்துக்கு முதல் மறுப்பு கலை வரலாறு அறிந்தவர்களிடமிருந்து வரும். அக்காலத்து நிலக்காட்சி ஓவியம் ஒரு வாய்பாடு. முன்னால் ஒரு மரம், நடுவில் நீர், பின்னால் நீலமலை என்று ஐரோப்பியக் கண்ணுக்கு இதமாக எதையும் மாற்றி வைப்பார்கள். அதை எப்படிச் சாட்சியாக எடுப்பது என்று கேட்பார்கள். விற்பனைக்காக லண்டனில் அச்சான படங்களைப் பொறுத்தவரை இது நியாயமான கேள்வி. ஹாமில்டனின் படங்களின் நிலை வேறு. அவை அறிக்கையோடு சேர்ந்தவை. படத்தை நம்பி அதே மலையில் ஏறப்போகும் இன்னொரு அதிகாரி பிழை கண்டுபிடித்துவிடுவார் என்ற கட்டாயம் அவற்றுக்கு உண்டு. அதோடு அவை காட்டும் முக்கியமான செய்தியை அறிவியலும் உறுதி செய்திருக்கிறது. உயர்மலைப் புல்வெளி என்பது மரம் அழிந்து பாழான நிலம் என்றே வெகுகாலம் அதிகாரிகள் நினைத்தார்கள். அந்த நினைப்பே அங்கே அயல்மரம் நடுவதற்கு நியாயமாயிற்று. ஆனால் நீலகிரியின் சதுப்பு மண்ணில் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்த கரிமத்தை ஆராய்ந்து 1993-இல் ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவுகள், மனிதன் மரம் வெட்டத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே அங்கே புல் இருந்ததைக் காட்டின. மொட்டை முகட்டை மொட்டையாகவே வரைந்த கை, அதைப் பாழ்நிலம் என்று எழுதிய பேனாவைவிட உண்மைக்கு அருகில் இருந்தது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. இந்த மலைகளில் காடர், இருளர், குறும்பர், தோடர், கோத்தர், மலசர் என்று எத்தனையோ மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். காடர்களின் வழித்தட அறிவு இல்லாமல் ஆனைமலை வன வேலை எதுவும் நடந்திருக்காது. படத்திலோ மலை யாருக்கும் சொந்தமில்லாத வெளியாக விரிகிறது. மனிதர் வந்தாலும் அளவு காட்டும் புள்ளியாக மட்டும் வருகிறார்கள். யாருமில்லாத மலை எடுத்துக்கொள்ள எளிது. இந்தக் குற்றச்சாட்டு முழு உண்மை. எந்த அழகும் இதைத் துடைக்காது. ஆனால் இதற்கு விடை அந்தப் படங்களை ஒதுக்குவதில் இல்லை, அவை விட்டதைச் சொல்லும் இன்னொரு கலையைப் பக்கத்தில் வைப்பதில் இருக்கிறது. ஆலு குறும்பரின் ஓவியம் அத்தகையது. வேங்கை மரப்பிசினும் மண்ணும் இலைச்சாறும் அதன் நிறங்கள். தேன் எடுப்பதும் பயிர் செய்வதும் கோயில் விழாவும் அதன் பொருள். வீட்டுச் சுவரில் இருந்த அந்தக் கலையைத் தாளுக்குக் கொண்டுவந்து வெளியுலகம் அறியச் செய்தவர்களில் வெள்ளரிக்கொம்பை கிருஷ்ணன் முக்கியமானவர். குறும்ப ஓவியத்தில் முகட்டின் தூரமும் ஆழமும் இல்லை. ஹாமில்டனிடம் அந்த மலையில் பிழைக்கும் மனிதரின் நாள் இல்லை. ஒன்று மலை எப்படி இருந்தது என்று சொல்கிறது. மற்றது மலையில் எப்படி இருந்தார்கள் என்று சொல்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் கொங்கு மலையின் வரலாறு.

வேட்டைக்காரனுக்கு மலைமீது என்ன பற்று இருக்க முடியும் என்றும் கேட்கலாம். ஹாமில்டனின் வேட்டைக் குறிப்புகள் அவர் இறந்த 1892-இலேயே நூலாக வந்தன. அவர் கொன்ற விலங்குகள் கொஞ்சமல்ல. அவரைப் புனிதராக்க இங்கே எந்தத் தேவையும் இல்லை. ஒருவரின் கை உண்மையாக வரைந்ததற்கும் அவர் வாழ்க்கை நேர்மையாக இருந்ததற்கும் கட்டாயத் தொடர்பு கிடையாது. நமக்கு வேண்டியது அவர் பார்த்தது. மலையின் விசை கண்ணை அடக்கி ஆண்ட நேரத்தில், எஜமானனின் தேவையைத் தாண்டியும் கை வரைந்துவிடுகிறது. உடல் தேறும் விடுதிக்கு இடம் தேடப் போனவர், நூற்றைம்பது ஆண்டு கழித்து நாம் எதை மீட்க வேண்டும் என்பதற்கு மாதிரி விட்டுப் போயிருக்கிறார். அவரை அனுப்பிய அரசு இதை எண்ணியிருக்காது.

அந்த மாதிரிக்கு இன்று வேலை வந்திருக்கிறது. அயல் தாவரங்களை அகற்றி இயல்சூழலை மீட்பதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022-இல் அறிவித்தது. வாட்டில் மரங்களை அகற்றிய இடத்தில் சோலையை வளர்ப்பதா, புல்லை வளர்ப்பதா, எந்த மடிப்பில் எது இருந்தது என்ற கேள்விகள் எழும்போது பழைய படங்களுக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது. கோவையிலேயே 1902-இல் திறக்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. ஹாமில்டன், பேரன், மெக்கர்டி ஆகியோரின் கொங்கு மலைப் படங்களுக்கு நல்ல நகலெடுத்து அங்கே வைக்க வேண்டும். பக்கத்திலேயே, அதே உயரத்தில், குறும்ப ஓவியங்களையும் குமிட்டிபதி, பொறிவரைப் பாறை ஓவியங்களின் பதிவுகளையும் வைக்க வேண்டும். பொறிவரையில் வந்துபோனவர்கள் பெயர் கிறுக்கி ஓவியங்களைக் கெடுத்திருக்கிறார்கள். அந்தப் பாறைகளுக்குக் காவலும் உடனே வேண்டும். பவானித் தண்ணீரையும் ஆழியாற்றுத் தண்ணீரையும் குடிக்கும் கொங்கு மக்கள், அந்தத் தண்ணீர் பிறக்கும் மலை ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்று கண்ணால் பார்க்க உரிமை உள்ளவர்கள். அந்த உரிமையை நிறைவேற்றுவது வனத்துறையின் கடமை. கேட்டுப் பெறுவது நம் கடமை.