திரைக்கோட்டுக்குப் பின்னே இருப்பது எது? பறவைக் கணக்கெடுப்பில் இன எண்ணிக்கை மதிப்பீட்டின் வரலாறு

கள ஆய்வில் கண்ணில் படாமல் போன இனங்கள் எத்தனை என்ற கேள்விக்கு ஃபிராங்க் பிரெஸ்டன் 1948இல் ‘ஈகாலஜி’ இதழில் சொன்ன விடைக்கு இன்றும் செல்வாக்கு குறையவில்லை. கண்ணாடித் தொழில்நுட்ப வல்லுநரான பிரெஸ்டன், நியூயார்க் மாநிலத்தின் குவேக்கர் ரன் பள்ளத்தாக்கில் அரிட்டாஸ் சாண்டர்ஸ் எடுத்த கூடுகட்டும் பறவைகளின் கணக்கையும், விளக்குப்பொறியில் விழுந்த அந்துப்பூச்சிகளின் கணக்கையும் ஒரே வகை வரைபடத்துக்குள் கொண்டுவந்தார். எண்ணிக்கை இரட்டிக்கும் கட்டங்களில் இனங்களை அடுக்கினால் மணி வடிவ வளைவு கிடைக்கும். மாதிரி சிறியதென்றால் வளைவின் இடப்பக்கம் ஒரு திரைக்கோட்டுக்குப் பின்னே மறைந்திருக்கும். மாதிரி பெருகப் பெருக அது வெளிவரும் என்பது அவர் வாதம். விடுபட்ட இனம் என்றாலே எண்ணிக்கையில் அருகிய இனம்தான் என்ற முடிவு இதற்குள் பொதிந்திருக்கிறது. பூச்சிக்கு அது ஓரளவு பொருந்தலாம். பறவைக்குப் பொருந்தாது என்பதும், அந்த முடிவிலிருந்து விலகியதே இத்துறை வரலாற்றின் உண்மையான திருப்பம் என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

பிரெஸ்டனின் வளைவை நம்புமுன் அவர் கட்டம் பிரித்த விதத்தைக் கவனிக்க வேண்டும். அவருடைய கட்டங்களின் எல்லைகள் 1, 2, 4, 8 என்ற எண்களிலேயே விழுகின்றன. எல்லையில் நிற்கும் இனங்களில் பாதி இடக்கட்டத்துக்கும் பாதி வலக்கட்டத்துக்கும் போகும். அதாவது ஒரே ஒரு முறை கிடைத்த இனங்களில் பாதி, ஒன்றுக்கும் குறைவான எண்ணிக்கை என்ற கட்டத்தில் போய் உட்காரும். இதன் விளைவைச் சோதிக்க ஏற்ற தரவு ஒன்று உண்டு. 1943இல் ஃபிஷர், கார்பெட், வில்லியம்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில் கார்பெட் தந்த மலாயா வண்ணத்துப்பூச்சி வரிசைதான் அது. மொத்தம் 620 இனங்கள். ஒருமுறை கிடைத்தவை 118, இருமுறை 74, மும்முறை 44, நான்கு முறை 24, அடுத்து 29, 22, 20, 19 என வரிசை இறங்குகிறது. பிரெஸ்டனின் விதிப்படி பாதி பாதியாகப் பிரித்தால் முதல் ஐந்து கட்டங்களில் 59, 96, 93, 92.5, 99 என்று வருகிறது. முதல் கட்டம் தாழ்ந்து, இரண்டாவது சட்டென்று உயர்கிறது. பார்ப்பவருக்கு மணியின் இடத்தோள் கண்முன் தெரியும். அதே வரிசையை எந்த இனத்தையும் பிளக்காமல் 1, 2–3, 4–7, 8–15 என்று கட்டினால் 118, 118, 95, 104. தோளே இல்லை. தரவு மாறவில்லை, எல்லை வைத்த இடம்தான் மாறியது. இது வண்ணத்துப்பூச்சி வரிசைதான், குவேக்கர் ரன் பறவைக் கணக்கு அல்ல. எனவே பிரெஸ்டனின் எல்லா வரைபடங்களும் இப்படியே வந்தவை என்று சொல்வது மிகை. வளைவின் இடச்சரிவைச் சான்றாகக் காட்டும்போது அதில் கட்டம் பிரிப்பின் கைவேலை எவ்வளவு என்று முதலில் கேட்க வேண்டும் என்பது மட்டும் உறுதி.

வளைவை வலப்பக்கத்திலிருந்தே பொருத்தலாம், இடக்கட்டம் தேவையே இல்லை என்று பிரெஸ்டன் தரப்பில் மறுமொழி வரக்கூடும். நியாயமான மறுமொழிதான். ஆனால் வலப்பாதியை வைத்து இடப்பாதியை வரைய வேண்டுமானால் இரண்டும் ஒத்திருக்கும் என்று முன்கூட்டியே கொள்ள வேண்டும். திரையே இல்லாத தரவில் இதைச் சோதித்தவர்கள் நீ, ஹார்வி, மே ஆகிய மூவர். பிரிட்டன் முழுமைக்குமான பறவைத் தொகை மதிப்பீடுகளை 1991இல் அவர்கள் அடுக்கிப் பார்த்தபோது வளைவு இடப்பக்கம் நீண்டு சாய்ந்திருந்தது. சமச்சீர் வளைவு எதிர்பார்ப்பதைவிட அருகிய இனங்கள் அதிகம். ஆக, ஒரு பாதியைப் பார்த்து மறுபாதியைக் கணிக்கும் வழி பறவைகளிடத்திலேயே ஆட்டம் காண்கிறது.

பாடநூல்கள் ஃபிஷர், பிரெஸ்டன், ஆன் சாவ் என்று ஒரே பரம்பரையாகச் சொல்வதும் ஏற்கத்தக்கதல்ல. பிரெஸ்டன் முழு வளைவின் வடிவத்தைக் கேட்டார். இன்னொரு மடங்கு உழைத்தால் எத்தனை புது இனம் கிடைக்கும் என்பது கார்பெட்டின் கேள்வி. அதற்கு விடை தந்தவர் ஃபிஷர். போர்க்கால மறைகுறிப் பணியில் ட்யூரிங் கண்ட கருத்தை வளர்த்து 1953இல் குட் எழுதிய கட்டுரையும், ஒருமுறை மட்டும் தோன்றியவற்றைக் கொண்டு தோன்றாதவற்றை அளக்கும் வழியையே பிடித்தது. 1984இல் சாவ் தந்த சூத்திரம் அந்தக் கிளையின் வாரிசு. ஒருமுறை கண்டவற்றின் வர்க்கத்தை, இருமுறை கண்டவற்றின் இருமடங்கால் வகுக்க வேண்டும். கார்பெட் வரிசைக்கு அது 94 தரும். மறைந்தவை குறைந்தது அத்தனை என்று மட்டுமே அது சொல்கிறது. மேல்வரம்பு எதையும் சொல்லவில்லை.

பறவை ஆய்வில் இதைவிடப் பெரிய மாற்றம் எண்ணும் அலகில் நேர்ந்தது. நாணலுக்குள் பத்துக் கானாங்கோழிகள் இருந்தும் குறிப்பேட்டில் ஒன்றுகூட ஏறாமல் போகலாம். வானத்தில் வட்டமிடும் ஒற்றைக் கழுகு எல்லாப் பட்டியலிலும் ஏறிவிடும். இங்கே விடுபடுவதற்குக் காரணம் அருகியிருப்பது அன்று, புலப்படாமை. இதைக் கணக்கில் கொண்டுவரும் கருவி விலங்குகளைப் பிடித்துக் குறியிட்டு விட்டு மீண்டும் பிடிக்கும் முறையிலிருந்து வந்தது. ஒவ்வொரு விலங்கும் வெவ்வேறு வாய்ப்போடு பொறியில் சிக்கும் என்று கொண்டு பர்ன்ஹாமும் ஓவர்ட்டனும் 1978, 1979 கட்டுரைகளில் ஜாக்நைஃப் மதிப்பீட்டை அமைத்தனர். விலங்கு இருந்த இடத்தில் இனத்தையும், பொறி வைத்த இரவு இருந்த இடத்தில் மாதிரி எடுத்த இடத்தையும் வைத்தால் அதுவே இன எண்ணிக்கையின் மதிப்பீடாகிறது. அந்த மாற்றத்துக்கு ஒற்றை ஆண்டு குறிப்பது கடினம். 1983இல் ஹெல்ட்ஷியும் ஃபாரஸ்டரும் எழுதிய கட்டுரையில் அது முழு வடிவம் பெற்றுவிட்டது என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பறவைகளில் அது வேரூன்றியது 1998இல், பூலினியே, நிக்கோல்ஸ் குழுவின் கட்டுரையில். 1966இல் சாண்ட்லர் ராபின்ஸ் தொடங்கிய வட அமெரிக்கக் கூடுகட்டும் பறவைக் கணக்கெடுப்பில் ஒரு வழித்தடம் 24.5 மைல், 50 நிறுத்தங்கள், நிறுத்தத்துக்கு மூன்று நிமிடம். அந்தத் தரவைக் கொண்டு, புலப்படும் வாய்ப்பு இனத்துக்கு இனம் வேறுபடுவதை அக்குழு மதிப்பீட்டின் நடுவே வைத்தது.

அடர்ந்த வெப்பமண்டலக் காட்டில் மக்கின்னன் பட்டியல் இதே திசையில் வேறு வழியாக வந்தது. 20 வெவ்வேறு இனங்கள் சேரும்வரை எழுதி, பிறகு அடுத்த பட்டியலைத் தொடங்குவது அதன் முறை. எத்தனை பறவைகள் என்ற எண்ணிக்கையே அதில் இல்லை. 2002இல் ஹெர்ட்சோக் குழு பட்டியலை 10 இனமாகச் சுருக்கி, அவற்றுக்குச் சாவின் மதிப்பீடு போன்ற கருவிகளைப் பொருத்தியது.

புலப்படும் வாய்ப்பு ஆளுக்கு ஆள் மாறும், எனவே மதிப்பீடு ஆய்வாளரின் திறமையைத்தான் அளக்கிறது என்ற மறுப்பு வலுவானது. அதற்கு முழு விடை இல்லை. ஒரே ஒரு பட்டியலில் மட்டும் வந்த இனங்கள் 10, இரண்டில் வந்தவை 5 என்று வைத்துக்கொள்வோம். சாவ் சூத்திரப்படி மறைந்தவை 10 என வரும். ஒரே பட்டியலில் வந்த அந்தப் பத்து இனங்களில் இரண்டு, ஒன்றை மற்றொன்றாக எண்ணி எழுதிய கதிர்க்குருவிகள் என்றால் உண்மையில் வரவேண்டியது 6.4. இரண்டு தவறான பதிவுகள் பட்டியலில் இரண்டு இனத்தைக் கூட்டுவதோடு, காணாத இனங்களிலும் மூன்றரைக்கு மேல் கூட்டிவிடுகின்றன. வழிதவறி வந்த வலசைப் பறவையும் இதே இடத்தில்தான் விழும். அது அந்தக் காட்டின் இனமா என்பதைச் சூத்திரம் கேட்பதில்லை. பக்கியும் ஆந்தையும் இதற்கு எதிர்முனை. விடிந்தபின் மட்டும் எடுத்த பட்டியல்களில் அவை ஏறும் வாய்ப்பு ஏறத்தாழச் சுழியம் என்பதால், ஜாக்நைஃபும் சாவ் மதிப்பீடும் அவற்றைச் சேர்த்துக்கொள்வதே இல்லை. பிரெஸ்டனின் திரை மாதிரியைப் பெருக்கினால் விலகுவது. இந்தத் திரையோ, பகல் பட்டியல்களை எத்தனை மடங்கு பெருக்கினாலும் விலகாது. இரவுக் கணக்கெடுப்பைத் தனியே நடத்தி, தனியே மதிப்பிட்டுச் சேர்க்க வேண்டியிருக்கிறது.